ரோமில் கைச்செலவைச் சுருக்கிச் சுற்றியவர்கள் வாருங்கள், பேசுவோம்

காவிரிக்கரை:

ரோமுக்குப் போகிறேன் என்று சொன்னதும் ஆளாளுக்குத் தந்த யோசனை ஒன்றுதான்: "மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே இருக்கிற மாதிரி பார்த்துக்கொள், எல்லாம் இலவசம்." பொய்யில்லை. 2014 முதல் இத்தாலிய அரசின் அருங்காட்சியகங்களுக்கும் தொல்லியல் இடங்களுக்கும் அன்றைக்குக் கட்டணம் கிடையாது. மற்ற நாளில் 18 யூரோ வாங்கும் கொலோசியமும் இதில் சேர்த்தி.

ஆனால் அந்த ஞாயிறு முன்பதிவும் கிடையாது. நேரில் போய் வரிசையில் நின்றுதான் டிக்கெட் வாங்க வேண்டும். நான் கொலோசியத்துக்குப் போனபோது வரிசை எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது. தலைக்கு மேல் வெயில், நிழலுக்கு ஒரு மரம் இல்லை. முன்னால் பேரனைக் கையில் பிடித்தபடி ஓர் உள்ளூர்ப் பாட்டி. அந்தப் பையனுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும். அவன் மூலமாகப் பாட்டி விசாரித்தார்: எந்த ஊர், எத்தனை நாள் இருப்பாய், கரவாஜ்ஜோ ஓவியங்களைப் பார்த்தாயா? இன்னும் இல்லை என்றதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "இதை வெளியிலிருந்து பார்த்தாலே போதும். மத்தியானத்துக்கு மேல் தேவாலயங்களுக்குப் போ, அங்கே யாரும் உன்னிடம் காசு கேட்க மாட்டார்கள்" என்றார். அவர் மட்டும் வரிசையை விட்டு நகரவில்லை, பேரன் விடமாட்டானாம்!

நான் நகர்ந்துவிட்டேன். நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்தில் சான் லூயிஜி தெய் ஃபிரான்செசி என்று ஒரு தேவாலயம். உள்ளே இடது பக்கம் கடைசிச் சிற்றாலயத்தில், வரி வசூலிப்பவராக இருந்து கிறிஸ்துவின் சீடரான மத்தேயுவைப் பற்றிய மூன்று ஓவியங்கள். கரவாஜ்ஜோ 1599 முதல் 1602 வரை வரைந்தவை. அந்த மூலை நல்ல இருட்டு. பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. நாணயம் போட்டால் விளக்கு எரியும், சற்று நேரத்தில் அணைந்துவிடும். இருபது பேர் இருட்டில் நிற்கிறோம். எல்லார் கையிலும் செல்போன், ஒருவர் கையும் பைக்குள் போகவில்லை. யாராவது போடுவார்கள் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே நிற்கிறோம். கடைசியில் ஒரு சின்னப் பெண் தன் அப்பாவிடம் காசு வாங்கிப் போட்டாள். படக்கென்று வெளிச்சம். வலது பக்கத்திலிருந்து கிறிஸ்து கையை நீட்ட, வரி வசூலிக்கும் மேசையில் காசு எண்ணிக்கொண்டிருக்கும் பையன் தலை தூக்காமல் எண்ணிக்கொண்டே இருக்கிறான். அவனைப் பார்த்தபோது எங்கள் இருபது பேர் நினைவுதான் வந்தது.

அங்கிருந்து நாலு எட்டில் சாந்த் அகொஸ்தினோ தேவாலயம். அங்கே கூட்டமே இல்லை. உள்ளே கரவாஜ்ஜோவின் இன்னோர் ஓவியம்: வாசற்படியில் குழந்தையுடன் நிற்கும் மாதா, எதிரே மண்டியிட்ட இரண்டு ஏழை யாத்திரிகர்கள். அந்த மனிதரின் உள்ளங்கால் நம்மைப் பார்த்தபடி இருக்கிறது, அழுக்கேறி வீங்கிப்போய். பழனிக்கு நடந்து போய் வந்தவர்களின் பாதத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காலை அறிமுகப்படுத்தவே வேண்டாம். ஒரு பைசா செலவில்லாமல் அதற்கு முன்னால் வேண்டிய மட்டும் நின்றேன்.

என் கருத்து இதுதான்: இலவச நாளைத் துரத்தாதீர்கள், தினமும் இலவசமாக இருப்பதைத் தேடுங்கள். ரோமில் அது கொட்டிக் கிடக்கிறது. சான் பியெத்ரோ இன் வின்கோலி தேவாலயத்தில் மைக்கலாஞ்சலோவின் மோசே சிலை, சாந்தா மரியா தெல் பொப்போலோவில் இன்னும் இரண்டு கரவாஜ்ஜோ, ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் சாந்தா மரியா தெல்லா வித்தோரியாவில் பெர்னினி செதுக்கிய புனித தெரேசா. பல தேவாலயங்களை மதியம் பூட்டிவிடுவார்கள், மூன்று நான்கு மணிக்குத்தான் மறுபடி திறப்பார்கள். ஞாயிறு காலை பூசை நடக்கும், அப்போது சுற்றிப் பார்க்கப் போவது முறையில்லை.

ராத்திரி ரயில்:

அண்ணா, பாதிதான் ஒத்துக்கொள்வேன். இலவச ஞாயிற்றில் கொலோசியத்துக்குப் போனால் அப்படித்தான். நான் அதே மாதிரி ஒரு ஞாயிறு தெர்மினி ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பலாத்ஸோ மாஸ்ஸிமோவுக்குப் போனேன். அதுவும் அரசு அருங்காட்சியகம்தான், ஆள் நடமாட்டமே இல்லை. களைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் குத்துச்சண்டை வீரன், வெண்கலச் சிலை. காதெல்லாம் நசுங்கி, மூக்கு உடைந்து, முகத்தில் வெட்டுக் காயங்கள். அந்தக் காயங்களிலும் உதட்டிலும் செம்பைப் பதித்திருக்கிறார்கள், ரத்தம் கசிவதுபோலவே இருக்கும். காவலுக்கு இருந்த அம்மா நான் முன்பக்கமாகவே நிற்பதைப் பார்த்துவிட்டு, சுற்றி வா என்று விரலால் வட்டம் போட்டுக் காட்டினார். வலது தொடையிலும் புஜத்திலும் சொட்டியிருக்கும் ரத்தத்துளிகளைச் சுட்டிக்காட்டினார், அவையும் செம்பு. நானாகக் கவனித்திருக்க மாட்டேன்.

மாடியில் ஓர் அறையைச் சுற்றி நாலு சுவரும் தோட்டம். ரோமப் பேரரசர் அகஸ்டஸின் மனைவி லிவியாவின் வீட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த சுவரோவியம். மாதுளை, பறவைகள் எல்லாம் இருக்கின்றன.

கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த ஞாயிறு ஒஸ்தியா அந்திக்காவுக்கும் போகலாம். பழைய துறைமுக நகரம். பிரமிதே என்ற மெட்ரோ நிலையத்தை ஒட்டிய ரயில் நிலையத்தில் ஏற வேண்டும், நகரப் பேருந்துக்கு வாங்கும் அதே 1.50 யூரோ டிக்கெட் செல்லும்.

இட்லிப்பொடி:

நீங்கள் எல்லாரும் கலையைப் பேசுகிறீர்கள், நான் வயிற்றைப் பேசுகிறேன். நாங்கள் சைவம், கூட மாமியார் வேறு. ரோமில் செலவு கையைக் கடிக்காமல் சாப்பிட ஒரே வழி, துண்டு பீட்சா கடை. பெரிய செவ்வகத் தட்டில் சுட்டு வைத்திருப்பார்கள். எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் கத்தரிக்கோலால் வெட்டி எடை போட்டுத் தருவார்கள். பலகையில் "எத்தோ" என்று போட்டிருந்தால் அது 100 கிராமுக்கான விலை. சின்னத் தொகையாக இருக்கிறதே என்று அகலமாகக் கையைக் காட்டிவிடாதீர்கள். மரினாரா என்றால் தக்காளி, பூண்டு, ஒரேகானோ, அவ்வளவுதான், சீஸ்கூட இல்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் பூசணிப்பூ பஜ்ஜி பார்த்ததும் மாமியாருக்கு ஒரே சந்தோஷம், நம்ம ஊர் பண்டம் கிடைத்துவிட்டது என்று. எதற்கும் இருக்கட்டும் என்று கடைக்கார அக்காவிடம், உள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள் என்று சைகையில் கேட்டேன். அவர் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வளைத்து வளைத்து நீந்திக் காட்டினார்! நெத்திலி. மொஸரெல்லா சீஸோடு நெத்திலியை அடைத்துப் பொரிப்பதுதான் அங்கே வழக்கமாம். சுப்ளி என்கிற சோற்று உருண்டையிலும் பெரும்பாலும் இறைச்சிக் குழம்பு இருக்கும். மிளகும் பெக்கொரீனோ சீஸும் போட்ட காச்சோ எ பேபே பாஸ்தா மாமியாருக்குப் பிடித்துவிட்டது, மிளகு இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருந்திருக்கலாம் என்று ஒரு குறை மட்டும்.

காப்பியை நின்றுகொண்டே குடியுங்கள். மேசையில் உட்கார்ந்தால் சுற்றுலா இடங்களில் விலை இரண்டு மூன்று மடங்காகிவிடும். தண்ணீர் பாட்டில் வாங்கவே தேவையில்லை. தெருவெங்கும் வளைந்த மூக்கு வைத்த இரும்புக் குழாய்கள், நசோனே என்பார்கள். 1874இல் வைக்க ஆரம்பித்தது, இன்றைக்கு 2,500 வாக்கில் இருக்கின்றன. குளிர்ந்த குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். மூக்கு நுனியை விரலால் அடைத்தால் மேலே உள்ள துளை வழியாகப் பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம். இதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது தெரு கூட்டுகிற ஒரு பெரியவர். சொல்லிக் கொடுக்கிற சாக்கில் என் கணவரின் சட்டையை நனைத்துவிட்டுச் சிரித்தார்.

வடபழனி டெப்போ:

பேருந்து பற்றி யாரும் சொல்லவில்லையே. டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, ஏறியதும் இயந்திரத்தில் விட்டு நேரம் குத்த வேண்டும். அதிலிருந்து 100 நிமிடம் செல்லும். பரிசோதகர்கள் ஏறியபோது என் பக்கத்தில் இருந்த ஒரு ஜோடி புது டிக்கெட்டைப் பெருமையாக நீட்டியது. குத்தவில்லை. ஐம்பது யூரோவுக்கு மேல் அபராதம், ஆளுக்கு. அந்தப் பெண் அழுதும் அவர்கள் இளகவில்லை.

தெர்மினியிலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64ஆம் எண் பேருந்து பிக்பாக்கெட்டுக்குப் பேர்போனது. ஓர் உள்ளூர்ப் பெரியவர் எதுவும் பேசாமல் என் முதுகுப்பையைத் தொட்டு, முன்னால் மாட்டிக்கொள் என்று தன் மார்பைத் தட்டிக் காட்டினார். அடுத்த நிறுத்தத்தில் யாருக்கோ பர்ஸ் போய்விட்டது, ஒரே கூச்சல்.

ராத்திரி ரயில்:

தங்குமிடம் பார்க்கிறவர்கள் நகர வரியைக் கணக்கில் வையுங்கள். தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று அறை வாடகைக்கு மேல் ஓட்டலில் தனியாகக் கேட்பார்கள். கன்னியர் மடங்கள் நடத்தும் விடுதிகளில் அறை சுத்தமாக இருக்கும், வாடகையும் பரவாயில்லை. ராத்திரி குறிப்பிட்ட நேரத்துக்குள் திரும்ப வேண்டும், அதுதான் நிபந்தனை. நான் இருந்த இடத்தில் வாசலில் ஒரு வயதான சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நேரத்துக்குள் வந்துவிட்டால் ஒரு மிட்டாய் கிடைக்கும்.

மல்லிப்பூ:

எஸ்குயிலினோ சந்தைக்கு யாராவது போனீர்களா? வித்தோரியோ சதுக்கத்துக்குப் பக்கத்தில். வெண்டைக்காய், பச்சை மிளகாய், கொத்தமல்லி எல்லாம் குவித்து வைத்திருப்பார்கள். வங்கதேசத்துக்காரர்கள் கடைகள் நிறைய. அடுப்படி உள்ள அறை எடுத்திருந்தோம், அதனால் ரசம் வைக்கலாம் என்று போனேன். நானும் என் தங்கையும் தமிழில் பேசுவதைக் கேட்டு ஒரு கடைக்காரர், "அக்கா, சாப்ட்டாச்சா? புளி வேணுமா?" என்றார். அதிர்ந்துவிட்டோம். இங்கே வருவதற்கு முன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தாராம். கூட இருந்தவர்கள் எல்லாம் பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆட்கள், சமையலும் அவர்கள் ஊர் முறையில்தானாம். "ரசம் எனக்கும் பிடிக்கும், இங்கே யாரு வைக்கிறா" என்றார். கருவேப்பிலைக்குக் காசு வாங்கவில்லை.

காவிரிக்கரை:

ராத்திரி ரயில் சொன்ன பலாத்ஸோ மாஸ்ஸிமோவை அடுத்த முறைக்குக் குறித்துக்கொண்டேன். குடும்பத்தோடு போகிறவர்கள் ஒன்று கவனியுங்கள்: 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, எந்த நாட்டவராக இருந்தாலும், இந்த அரசு இடங்களில் எல்லா நாளும் கட்டணமில்லை. கொலோசியத்துக்கு மட்டும் அவர்களுக்கும் பூஜ்யம் யூரோ டிக்கெட்டை முன்கூட்டியே பதிவு செய்து, பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள்.