அரிசி ஆலை மின்பலகையும் தேர்மல் கமெராவும்: திரையில் தெரியும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

பரந்தன்_வயர்மன் எழுதியது:

அனைத்து உறவுகளுக்கும் வணக்கம். பரந்தன் பகுதியில் மின் இணைப்பு வேலை செய்து வருகிறேன். காலபோக அறுவடை முடிந்து ஆலைகள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், ஆலை உரிமையாளர் ஒருவர் தமது பிரதான மின்பலகையை வெப்பப்படம் எடுத்துப் பார்த்துத் தரும்படி கேட்டுக்கொண்டார். அதற்காக நண்பர் ஒருவரிடமிருந்து கையடக்கத் தேர்மல் கமெரா ஒன்றை இரவல் வாங்கியிருக்கிறேன். 160×120 புள்ளிகள் கொண்டது. பார்வைக் கோணம் ஏறத்தாழ 50 பாகை. குவியத்தைக் கையால் திருப்பிச் சரிசெய்ய வேண்டும்.

மின்சார சபையின் முத்திரை உள்ள பகுதியைத் தொடாமல், எங்கள் பக்கத்து 160 அம்பியர் பிரேக்கரையும் அதன் கீழுள்ள இணைப்புகளையும், மோட்டர்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது படமெடுத்தேன். கிளாம்ப் மீற்றரில் மூன்று பேஸிலும் ஏறத்தாழ 90 அம்பியர் காட்டியது. நீலப் பேஸ் வயரின் பி.வி.சி. உறையில், வயர் முனையில் அழுத்தியிருக்கும் உலோகத் துண்டான லக்கிற்கு மிக அருகில் 66 பாகை தெரிகிறது. மற்ற இரண்டிலும் அதே இடத்தில் 49, 50 பாகைதான். ஆனால் அந்த நீல வயர் பூட்டப்பட்டிருக்கும் செப்புப் பஸ்பாரோ, அதாவது மின்னைக் கொண்டுசெல்லும் உறையில்லாத பட்டையோ, வெறும் 37 பாகை என்று காட்டுகிறது. ஒன்றோடொன்று இறுகப் பூட்டிய இரண்டில் ஒன்று மாத்திரம் இவ்வளவு குளிர்ந்திருப்பது எப்படி என்று விளங்கவில்லை. அத்துடன் பஸ்பாரில் இளஞ்சூடான திட்டு ஒன்று தெரிகிறது. நான் இடப்பக்கம் நகர்ந்தால் அதுவும் நகர்கிறது.

வேறு சில ஐயங்களும் உள்ளன. மின்விளக்குகளுக்கான சிறிய பலகையைப் படமெடுத்தபோது திரை முழுவதும் தீப்பிடித்தது போலச் சிவந்து தெரிந்ததால் உரிமையாளர் பதறிவிட்டார். ஓரத்து அளவுகோலைப் பார்த்தால் மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் இடையே நான்கு பாகைதான் இருந்தது. இடையிடையே கமெரா 'டிக்' என்று ஒலித்துப் படம் ஒரு கணம் உறைகிறது, இது பழுதா? பிரேக்கருக்கு முன்னால் உள்ள ஒளிபுகும் பிளாஸ்ரிக் மறைப்பைக் கழற்றாமலே படமெடுக்க முடியுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த 66 பாகைக்காக ஆலையை நிறுத்தச் சொல்ல வேண்டுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

வவுனியா_பழைய_பொறியாளர் எழுதியது:

வணக்கம் தம்பி. நீங்கள் நகரும்போது கூடவே நகரும் அந்தத் திட்டு நீங்கள்தான். மினுக்கமான செம்பு செங்கீழ்க் கதிர்களுக்கு ஒரு கண்ணாடி போல நடந்துகொள்ளும். உங்கள் உடலின் சூடு அதில் தெறித்துக் கமெராவுக்குத் திரும்பி வருகிறது. 37 என்ற எண்ணில் செம்பின் பங்கு மிகச் சிறிது. பெரும்பகுதி உங்களுடையதும் உங்கள் பின்னால் உள்ள சுவருடையதும் ஆகும்.

இந்தக் கருவி தன்மீது வந்து விழும் கதிர்களை, பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரோமீற்றர் வரையான அலைநீளத்தில் அளந்து, அவற்றிலிருந்து வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. அந்தக் கணக்குக்குப் பொருளின் காலல் திறன், அதாவது தன் சூட்டைக் கதிராக வெளிவிடும் திறன், 0 முதல் 1 வரையான எண்ணாகத் தெரிந்திருக்க வேண்டும். பட்டியலில் 'எமிசிவிற்றி' என்று இருப்பது அதுவே. பி.வி.சி. உறை, இன்சுலேசன் ரேப், பூச்சுப் பூசிய தகடு ஆகியவற்றுக்கு அது 0.9இற்கு மேல். மினுக்கிய செம்புக்கோ 0.05 அளவுதான், அதாவது, வருகின்ற கதிரில் இருபதில் ஒரு பங்குதான் செம்பினுடையது, மிகுதி முழுவதும் சுற்றுப்புறத்திலிருந்து தெறித்து வருவது. கமெராவில் 0.95 என்று வைத்துக்கொண்டு செம்பைப் பார்த்தால் அது சுற்றுப்புற வெப்பநிலையைத்தான் சொல்லும். 0.05 என்று மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் எழுதுவார்கள், அதை நம்பாதீர்கள். அவ்வளவு குறைந்த பெறுமானத்தில் ஒரு சிறு பிழைகூடப் பன்மடங்காகிப் பத்து இருபது பாகையாக வந்து நிற்கும். என்னைக் கேட்டால், 0.6இற்குக் கீழுள்ள எந்த மேற்பரப்பிலும் எண்ணை எழுதிக் கொடுக்கவே கூடாது.

ஆகவே உறையில் நீங்கள் பார்த்த 66தான் பொருட்படுத்த வேண்டிய எண். பழைய ஆலைகளில் இன்னொரு விசித்திரமும் உண்டு: தவிட்டுத் தூசு படிந்து கறுத்த போல்ற் ஏறத்தாழ உண்மையான சூட்டைக் காட்டும், பக்கத்தில் புதிதாக மாற்றிய போல்ற் குளிர்ந்தது போலப் பொய் சொல்லும். செம்பையே அளந்தாக வேண்டுமானால், ஆலையை நிறுத்தி, பிரேக்கரை இறக்கிப் பூட்டுப் போட்டு, மின் இல்லை என்று மீற்றரால் உறுதிசெய்த பின்னரே பஸ்பாரில் ஒரு துண்டு கறுத்த ரேப்பை ஒட்ட வேண்டும். பிறகு மின் கொடுத்து, ஒரு மணித்தியாலமாவது ஓடவிட்டு, அந்த ரேப்பின் மீது அளக்கலாம். மின் ஓடும் பஸ்பாரில் ரேப் ஒட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். சாதாரண பி.வி.சி. ரேப் ஏறத்தாழ 80 பாகை வரைதான் தாங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆலையை நிறுத்துவதா என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரே சுமையைத் தாங்கும் ஒரே வகையான உறுப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதுதான் இத்தொழிலில் கைகொடுக்கும் முறை. நீற்றா என்று சுருக்கி அழைக்கப்படும் மின் சோதனைச் சங்கத்தின் அட்டவணைப்படி, வித்தியாசம் 4 முதல் 15 பாகை வரை இருந்தால் பெரும்பாலும் பழுது இருக்கும், வசதிப்பட்ட நேரத்தில் திருத்தலாம். 15இற்கு மேல் போனால் உடனே திருத்த வேண்டும். உங்களுடைய வித்தியாசம் 16, 17 பாகை. மூன்று பேஸிலும் ஓட்டம் சமமாக இருப்பதால் இதைச் சுமை ஏற்றத்தாழ்வு என்று தள்ளிவிட முடியாது. சூடு லக்கின் அருகே உச்சமாக இருந்து வயர் வழியே போகப்போகத் தணிகிறதா என்று மட்டும் பாருங்கள். தணிந்தால் இணைப்பில்தான் கோளாறு. வயர் நெடுகிலும் ஒரே சூடாக இருந்தால் அது வேறு கதை.

இன்னும் ஒன்று. சூடு ஓட்டத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடும். இன்று 90 அம்பியரில் 17 பாகையாக உள்ள வித்தியாசம், எல்லா இயந்திரங்களும் நெல்லோடு முழு மூச்சில் ஓடி 144 அம்பியர் இழுக்கும் நாளில் 35 முதல் 43 பாகை வரை போய்விடும். நீங்கள் பார்த்தது உறையின் வெளிப்புறம். உள்ளே உள்ள கம்பி அதைவிடச் சூடாகவே இருக்கும். பி.வி.சி. வயரின் கம்பிக்கு அனுமதிக்கப்பட்ட எல்லை 70 பாகை என்பதால், அந்த உறை இப்போதே எல்லையில் நிற்கிறது. அன்றைய நெல் முடிந்தவுடன் ஆலையை நிறுத்தித் திருத்தச் சொல்லுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

மற்றவற்றுக்குச் சுருக்கமாக: 'டிக்' என்பது பழுதல்ல, உள்ளே ஒரு மூடி விழுந்து எழுந்து உணரியின் புள்ளிகள் அனைத்தையும் சமப்படுத்துகிறது, அது முடியும் வரை எண்ணைக் குறிக்காதீர்கள். கமெராவை முடுக்கி ஐந்து பத்து நிமிடம் சென்ற பிறகே அளக்கத் தொடங்குங்கள். பிளாஸ்ரிக் மறைப்பு கண்ணுக்குத்தான் ஒளிபுகும், கமெராவுக்கு அது ஒரு சுவர், கண்ணாடியும் அப்படியே. அதைக் கழற்றுவதானால், மின் நிறுத்தியே கழற்றுங்கள். சிவப்பைப் பார்த்துப் பதறுவதற்குக் காரணம் தானியங்கி அளவுகோல்: காட்சியில் எது அதிகச் சூடோ அதற்கு உச்ச நிறத்தைக் கொடுத்துவிடும், அது 33 பாகையாக இருந்தாலும் சரி. அளவுகோலைக் கையால் 30 முதல் 80 வரை பூட்டிவிட்டு, இரண்டு பலகைகளையும் அதே அளவில் எடுத்தால் உரிமையாளருக்கு உறக்கம் வரும்.

ஒட்டுசுட்டான்_கூரை எழுதியது:

ஐயா கூறியவற்றோடு தூரத்தையும் குவியத்தையும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன், ஏனெனில் எமிசிவிற்றியையும் நிறங்களையும் பின்னர் கணினியில் மாற்றலாம், மங்கலாக எடுத்த படத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. வெப்ப எல்லைத் தெரிவும் அப்படித்தான்: 150 பாகை வரையான எல்லையில் வைத்துக்கொண்டு புழுக்கும் அடுப்பின் வாயைப் படமெடுத்தால், எண்ணுக்குப் பதிலாக 150இற்கு மேல் என்ற குறிதான் கிடைக்கும்.

உங்கள் கமெராவில் 50 பாகைப் பார்வைக் கோணத்தை 160 புள்ளிகள் பங்குபோடுவதால், ஒரு மீற்றர் தூரத்தில் ஒரு புள்ளி ஏறத்தாழ 5.5 மில்லிமீற்றரை மூடுகிறது. நம்பத்தக்க அளவீட்டுக்குக் குறைந்தது மூன்றுக்கு மூன்று புள்ளிகளாவது இலக்கின் மீது விழ வேண்டும். அப்படியானால் ஒரு மீற்றரில் நின்று 16 மில்லிமீற்றர் அகலமான பொருளை அளக்கலாம், மூன்று மீற்றரில் நின்றால் அது ஐந்து சென்ரிமீற்றராகிவிடும். மூன்று மீற்றர் தள்ளி நின்று லக்கை அளப்பவருக்குக் கிடைப்பது லக்கும் பின்னால் உள்ள தகடும் கலந்த சராசரி. சூடு குறைவாகத் தெரியும், ஆபத்து மறைந்துவிடும். அதற்காகக் கை நீட்டித் தொடும் தூரத்துக்கும் போகாதீர்கள்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. பல கையடக்க மாதிரிகளின் விபரத் தாளில் துல்லியம் கூட்டியோ குறைத்தோ 2 பாகை என்று போட்டுவிட்டு, சுற்றுப்புறம் 10 முதல் 35 பாகை வரை இருந்தால் என்று சிறிய எழுத்தில் சேர்த்திருப்பார்கள். கச்சான் காற்று வீசும் ஆனி ஆடி மாதங்களில் தகரக் கூரை போட்ட ஆலைக்குள் மத்தியானம் 35இல் நிற்பதில்லை. காலையிலோ பொழுதுபட்ட பிறகோ எடுப்பது கருவிக்கும் நல்லது, ஆளுக்கும் நல்லது. கருவியில் ஐயம் வந்தால், ஒரு பாத்திரத்தில் நொறுக்கிய பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்து, நன்றாகக் கலக்கி, எமிசிவிற்றி 0.96 என்று வைத்து மேலிருந்து பாருங்கள். 0 பாகைக்கு அருகில் காட்ட வேண்டும்.

நான் பெரும்பாலும் இதைக் கூரையில் உள்ள சோலார் தகடுகளுக்குப் பயன்படுத்துகிறேன். அங்கே நடைமுறை வேறு: வெயில் சதுர மீற்றருக்கு 600 வாற்றுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், சாய்ந்து பார்த்தால் வானத்தின் குளிர்ச்சி கண்ணாடியில் தெறித்து எண்ணைக் குலைக்கும், கமெராவைச் சூரியனை நோக்கித் திருப்பினால் உணரியில் தழும்பு விழலாம். அதைப்பற்றித் தனியாக எழுதுவதுதான் முறை.

நெடுங்கேணி_வயல் எழுதியது:

இடையில் ஒரு சிறு கேள்வி. இதே கருவியால் இரவில் வயல் ஓரத்துக்கு வரும் யானையைப் பார்க்க முடியுமா?

ஒட்டுசுட்டான்_கூரை எழுதியது:

மேலே போட்ட கணக்கையே நீட்டுங்கள், அண்ணா. 100 மீற்றரில் ஒரு புள்ளி அரை மீற்றருக்குச் சற்று மேல். மூன்று மீற்றர் உயரமான யானை ஐந்து ஆறு புள்ளிகளாகத் தெரியும், ஏதோ பெரிய விலங்கு நிற்கிறது என்று சொல்லலாம். 300 மீற்றரில் அது இரண்டு புள்ளி. எருமையா யானையா என்று பிரித்தறிய முடியாது. அந்த வேலைக்குக் குறுகிய கோணமுள்ள, தூரத்துக்கென்றே செய்த கருவி வேண்டும்.

பரந்தன்_வயர்மன் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. சூடு லக்கின் அருகே உச்சமாகவும், வயரில் அரை மீற்றர் தள்ளி மற்றப் பேஸ்களுக்குச் சமமாகவும் இருந்தது. அன்றிரவே ஆலையை நிறுத்தி, பூட்டுப் போட்டு, நீலப் பேஸின் போல்ற்றை இறுக்கினேன். அரைச் சுற்றுக்கு மேல் இறங்கியது. அடுத்த நாள் அதே சுமையில், அதே இடத்தில் நின்று, அதே அளவுகோலில் எடுத்தபோது வித்தியாசம் 17 பாகையிலிருந்து 9 பாகையாகக் குறைந்திருக்கிறது, முற்றாக நீங்கவில்லை. வயர் அலுமினியம், அதில் அழுத்தியிருக்கும் லக் செம்பு. இன்னும் இறுக்கலாமா?

வவுனியா_பழைய_பொறியாளர் எழுதியது:

இறுக்காதீர்கள் தம்பி. அலுமினியம் மென்மையானது, இறுக்க இறுக்க நசிந்து வழிந்து, அடுத்த சூட்டில் மீண்டும் தளரும். அதற்கும் மேலாக, நீங்கள் இறுக்கியது லக்குக்கும் பஸ்பாருக்கும் இடையே உள்ள முகத்தை. மிச்சமிருக்கும் 9 பாகை பெரும்பாலும் லக்குக்குள்ளே, அலுமினியமும் செம்பும் சந்திக்கும் இடத்தில் உருவாகிறது. அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டவுடனேயே படரும் ஒட்சைட்டுப் படலம் மின்னைக் கடத்தாது. அதோடு மாரியின் ஈரமும் சேர்ந்தால் இரு உலோகங்களுக்கும் இடையே அரிப்பு தொடங்கிவிடும்.

வயரில் கருகாத பகுதி வரும் வரை வெட்டிவிட்டு, உறை இறுகிப் பொடியாகவில்லை என்று பார்த்து, கம்பிகளைத் தூரிகையால் சுரண்டி, உடனே இணைப்புப் பசை பூசி, அலுமினியத்துக்கும் செம்புக்கும் என்று செய்த இரு உலோக லக்கைச் சரியான அச்சுள்ள கருவியால் அழுத்துங்கள். கிளிநொச்சியில் கிடைக்காவிட்டால் வவுனியாவில் கேட்டுப் பாருங்கள். கிடைக்கவில்லை என்பதற்காகப் பழைய செப்பு லக்கையே மீண்டும் போட வேண்டாம். போல்ற்றைப் பிரேக்கர் தயாரிப்பாளர் குறித்த முறுக்கு அளவுக்கு, அதற்குரிய அளவுத் திருகியால் பூட்டுங்கள். பிரேக்கரின் நீலப் பேஸ் முனை நிறம் மாறியிருந்தாலோ அதைச் சுற்றியுள்ள பிளாஸ்ரிக் பழுப்பேறியிருந்தாலோ பிரேக்கரையும் மாற்ற வேண்டிவரும், ஏனெனில் அதன் உள்ளே உள்ள சூட்டைக் கமெரா வெளித் தோலில் குறைத்தே காட்டும்.

வேலை முடிந்ததும் அதே சுமையில் ஒரு படம், ஒரு வாரம் ஓடிய பிறகு இன்னொரு படம் எடுங்கள். ஒவ்வொரு படத்தோடும் மூன்று பேஸின் அம்பியர், சுற்றுப்புற வெப்பநிலை, நின்ற தூரம், வைத்த எமிசிவிற்றி ஆகியவற்றையும் எழுதி உரிமையாளரிடம் கொடுத்துவிடுங்கள். சிறுபோக நெல் வரும்போது பலகையைத் திறப்பவர் வேறொருவராக இருந்தாலும் அவருக்கு ஒப்பிட அது உதவும்.