வெடைக்கோழியோட சேவல் விட்டேன், கொத்தி ரத்தம் வருது. அவசரம்

வேலிப்படல் (இரவு 8:40)
வணக்கம். எங்ககிட்ட 7 விடைக்கோழி இருக்கு. நேத்து ஒரு சேவல் வாங்கி உள்ள விட்டோம். விட்டதுல இருந்து துரத்திக்கிட்டே இருக்கு. ஒரு கோழிக்குக் கழுத்து இறகெல்லாம் பிடுங்கி ரத்தம் வருது. மத்ததெல்லாம் கூட்டு மேல ஏறிக்கிட்டு இறங்கவே மாட்டேங்குது, தீனியும் எடுக்கல. தானா பழகிடுமா? உடனே சொல்லுங்க.

பஞ்சாரம்
எந்த விடை தம்பி? சிறுவிடை ஜாதியச் சொல்றியா, முட்டைக்கு வராத இளம் வெடையச் சொல்றியா? எத்தனை மாசம்? சேவல் என்ன ஜாதி, எடை எவ்வளவு, எங்க வாங்கினது?

கொங்குத்தோட்டம்
பகல்ல விட்டதுதானுங்க தப்பு. கோழியெல்லாம் அடைஞ்சப்புறம் சேவலைத் தூக்கிக் கூட்டுக்குள்ள வச்சிருங்க. இருட்டுல அதுகளுக்குக் கண்ணு தெரியாது, சண்டை போடாது. விடிஞ்சு பாத்தா ஒண்ணாப் படுத்திருக்கும், பழகிக்குமுங்க. எங்கப்பாரு காலத்துல இருந்து இப்படித்தான்.

கரிசல்காடு
கழுத்து இறகு போகுதுன்னா முதல்ல பேன் இருக்கான்னு பாருங்க. இறக்கைக்கு அடியில, ஆசனவாய்ப் பக்கம் இறகை விலக்கிப் பாத்தா ஓடும். சாம்பலும் மணலும் கலந்து ஒரு குழி போட்டு விடுங்க, புரண்டு குளிச்சாலே பாதி கொட்டிடும்.

பண்ணை மூத்தவர்
இதே கேள்வி மாசத்துக்கு ரெண்டு தடவை வருது. வயசு இல்ல, எடை இல்ல, இனம் இல்ல, தடுப்பூசி விவரம் இல்ல. உடம்பு சரியில்லன்னு மட்டும் சொல்லி மருந்து கேட்டா எந்த டாக்டர் கொடுப்பார்? 22 வருஷமா கோழி வளர்க்கிறேன். பழசைப் படிச்சுட்டுக் கேட்கிற பொறுமை இல்லாதவங்க கோழி வளர்க்க வரக்கூடாது.

முருங்கைமரத்து அம்மா
கேள்வியெல்லாம் அப்புறம் கேப்போம். ரத்தம் வர்ற கோழிய இப்பவே பிடிச்சுத் தனியாக் கூடை போட்டுக் கவுத்து வை கண்ணு. சிவப்பைப் பாத்தா கூட இருக்கிற கோழிகளே கொத்திக் குடலை உருவிடும், நான் ஒண்ணை அப்படிப் பறிகொடுத்திருக்கேன். மஞ்சள்தூளை வேப்பெண்ணெயில குழைச்சுப் புண்ணுல தடவு, ஈ மொய்க்காது. சேவலையும் வெளிய எடுத்துடு.

வேலிப்படல் (இரவு 9:25)
தனியா வச்சுட்டேம்மா, மஞ்சளும் போட்டாச்சு. பேன் இல்ல, பாத்துட்டேன். ரெண்டு விடையும்தான் அண்ணா, சிறுவிடை ஜாதி, மூணரை மாசம், இன்னும் முட்டை வைக்கல. சேவல் பெருவிடை. நாலு கிலோன்னு சொல்லிக் கொடுத்தாங்க, சந்தையில வாங்கினது. அப்புறம் நான் தம்பி இல்ல, தங்கச்சி.

பஞ்சாரம்
மன்னிச்சுக்கம்மா. இப்பப் புரியுது. மூணரை மாசத்து வெடை முக்கால் கிலோ இருக்குமா? அது மேல நாலு கிலோ ஏறினா என்ன ஆகும்? மிதிக்கிறப்ப சேவல் பிடிக்கு அலகால கழுத்தைக் கவ்வும், காலை முதுகுல ஊனும். உன் கோழிக்குக் கழுத்துல இறகு போனது அதனாலதான். முதுகையும் விலாவையும் இறகை விலக்கிப் பாரு, கால் முள் கிழிச்சிருந்தா வெளிய தெரியாது.

அதுகளுக்கு இன்னும் பருவமே வரல. சிறுவிடை அஞ்சரை, ஆறு மாசத்துலதான் முட்டைக்கு வரும். கொண்டை சிவக்கும், முதுகுல கை வச்சா ஓடாம றெக்கையை விரிச்சுக் குந்தும். அப்பத்தான் அது சேவலுக்குத் தயார். அதுவரைக்கும் துரத்துறதும் ஓடுறதும் நிக்காது. ராத்திரி கூட்டுக்குள்ள வைக்கிறது ஒத்த வயசுக் கோழிகளுக்கு நடக்கும். இந்த எடை வித்தியாசத்துல வேண்டாம், விடிஞ்சதும் மறுபடி இதே கதைதான்.

கொட்டகைக்கு நடுவுல கம்பிவலை அடிச்சு சேவலை அந்தப்பக்கம் வை. அதுவும் இப்ப இல்ல. சந்தைச் சேவல்னா மூணு வாரம் காத்துப்போக்குல தூரமா, தனித் தண்ணி, தனித் தட்டு. அதுக்கப்புறம்தான் வலை. மூக்குல தண்ணி வடியுதா, கண்ணு வீங்கியிருக்கா, கழிச்சல் வெள்ளையா பச்சையா போகுதா? பாத்துச் சொல்லு. உன் வெடைகளுக்கு வெள்ளைக்கழிச்சல் வராம இருக்க எட்டாவது வாரம் இறக்கைக்கடியில போடுற ஆர்டிவிகே தடுப்பூசி போட்டாச்சா?

நான் உன் இடத்துல இருந்தா அந்தப் பெருவிடையைக் கைமாத்திட்டு, முட்டைக்கு வர்ற நேரத்துல ஒன்றரை, ரெண்டு கிலோவுல ஒரு சிறுவிடைச் சேவல் பிடிப்பேன். ஏழு கோழிக்கு ஒண்ணு தாராளம்.

கொங்குத்தோட்டம்
கால் முள்ளை வெட்டி விட்டா போதுமேங்க?

பஞ்சாரம்
முள்ளுக்குள்ள எலும்பும் ரத்தமும் ஓடுதுங்க. நுனியை மட்டும் அரத்தால மழுக்கலாம். அடியோட வெட்டிடாதீங்க.

மாடித்தோட்டம்
முட்டைக்குத்தான் வளக்குறாங்கன்னா சேவலே எதுக்கு? சேவல் இல்லாமலும் கோழி முட்டை வைக்கும். குஞ்சு பொரிக்கணும்னாத்தான் வேணும்.

கரிசல்காடு
சேவல் சேராத முட்டையில என்ன சத்து இருக்கு? எங்க ஊர்ல புள்ளத்தாச்சிக்குச் சேவல் இருக்கிற வீட்டு முட்டையாத்தான் கேட்டு வாங்குவாங்க.

பண்ணை மூத்தவர்
அறியாமை. நாமக்கல் பண்ணைகள்ல ஒரு கோழி வருஷத்துக்கு 300 முட்டை வைக்குது. அங்க எத்தனை சேவலைப் பாத்தீங்க? சத்து தீனியில இருந்து வருது.

கரிசல்காடு
அந்த முட்டையையும் நாட்டுக்கோழி முட்டையையும் பக்கத்துல உடைச்சு ஊத்திப் பாத்துட்டுப் பேசுங்க.

மாடித்தோட்டம்
மஞ்சக்கரு நிறம் கீரையும் புழுவும் திங்கறதால வர்றது அண்ணா. எங்க மொட்டைமாடியில சேவல் கிடையாது, முருங்கைக்கீரை போடுறேன், கரு நல்ல ஆரஞ்சாத்தான் இருக்கு. கரு கூடியிருக்கான்னு தெரியணும்னா அடை வச்ச ஏழாம் நாள் இருட்டுல டார்ச் அடிச்சுப் பாருங்க, நரம்பு ஓடும்.

கரிசல்காடு
நரம்பைப் பத்தி நான் பேசல. உயிர் இருக்கிற முட்டையும் இல்லாத முட்டையும் ஒண்ணாகாதுங்கறேன்.

முருங்கைமரத்து அம்மா
முட்டைச் சண்டையை வேற இடத்துல வச்சுக்குங்கப்பா. அந்தப் பொண்ணு சேவல் மூக்கைப் பாத்துச் சொல்லவே இல்ல. கண்ணு, இருக்கியா?

பஞ்சாரம் (மறுநாள்)
என்னம்மா ஆச்சு?

வேலிப்படல் (11 நாள் கழிச்சு)
எல்லாரும் மன்னிக்கணும், வர முடியல. மூணாம் நாளே சேவலுக்குக் கண்ணு வீங்கி மூக்குல சளி வடிஞ்சுது. கூட இருந்ததுல ரெண்டு வெடைக்கும் தும்மல் தொத்திடுச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம், தண்ணியில கலக்கி மருந்து கொடுத்தாங்க. இப்ப தும்மல் இல்ல. கழுத்துப் புண் காஞ்சு முளை இறகு வருது. சேவல் கொல்லையில தனியா இருக்கு, சித்தப்பா கேக்குறாங்க, தேறினதும் கொடுத்துடப் போறோம். நன்றிம்மா, நன்றிண்ணா.

பஞ்சாரம்
நல்லதும்மா. அந்த ஆர்டிவிகே ஊசி போட்டிருந்தியா இல்லையா, அதைச் சொல்லவே இல்லியே?