கோலி சோடாவில் நத்தை தெரியுமே சார்: முதலாண்டு டார்ட்ஸ் வகுப்பு அனுபவங்கள்

டார்ட்ஸ் வாத்தியார்:

பதினோரு வருஷமாக முதலாண்டுக்கு டார்ட்ஸ் நடத்துகிறேன். ஒருத்தர் தவறால் இன்னொருத்தருக்கு வந்த தீங்குக்கு இழப்பீடு கேட்கிற சட்டம் அது; தீங்கியல் சட்டம் என்று தமிழ்ப் புத்தகத்தில் இருக்கும். வகுப்பில் ஒருத்தரும் அப்படிச் சொல்வதில்லை, 'டார்ட்ஸ் பேப்பர்'தான். பார் கவுன்சில் இதை மூன்றும் சேர்ந்த ஒரே தாளாக வைத்திருக்கிறது: தீங்கியல், மோட்டார் வாகன விபத்து, நுகர்வோர் பாதுகாப்பு. பசங்களைப் பொறுத்தவரை முதல் பாதி வெள்ளைக்காரன் கதை, பின்பாதி நம்ம ஊர் மளிகைக் கடை. இரண்டையும் எதற்கு ஒரே தாளில் கட்டி வைத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நானும் ரொம்ப நாள் சொன்னதில்லை. சிலபஸ் முடிக்க வேண்டுமே.

ஆரம்பம் எப்போதும் டோனாஹூ வழக்குதான். 1928 ஆகஸ்ட் 26, ஞாயிற்றுக்கிழமை, ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊர். கூட வந்தவர் மே டோனாஹூவுக்கு ஐஸ்கிரீமும் ஜிஞ்சர் பீரும் வாங்கிக் கொடுக்கிறார். ("பீரா சார்?" என்று ஒரு சத்தம் வரும். இஞ்சி சோடாப்பா, உட்காரு.) பாதி குடித்தாயிற்று. மிச்சத்தை ஊற்றினால் அழுகிய நத்தை ஒன்று விழுந்ததாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. காசு கொடுத்தவர் அவர் இல்லை, அதனால் கடைக்காரருடன் அவருக்கு ஒப்பந்தம் கிடையாது. சரி, தயாரிப்பாளர் ஸ்டீவன்சன் மீது போட முடியுமா? 1932-ல் அன்றைக்கு அந்த நாட்டு உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் முடியும் என்றது.

இந்த இடத்தில் ஒவ்வொரு வருஷமும் எதிர்பாராத ஒன்று வரும். ஒரு வருஷம் டெல்டா பக்கத்துப் பெண் எழுந்து, "சார், எங்க ஊர்ல நத்தைக் கறி மூலத்துக்கு மருந்து. அந்தம்மாவுக்கு நல்லதுதானே நடந்திருக்கணும்?" என்றாள். வகுப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆனது.

ஆனால் எனக்கே பாடம் எடுத்தவன் விருதுநகர்ப் பக்கத்துப் பையன். "கோலி சோடா பாட்டில்ல நத்தை கிடந்தா வெளியவே தெரியுமே சார். கடைக்காரன் பார்த்துட்டுத்தானே கொடுத்திருப்பான். அப்ப கம்பெனி மேல எப்படிப் போடுறது?" என்று கேட்டான். டோனாஹூ குடித்த பாட்டில் உள்ளே தெரியாத கண்ணாடி என்று அதுவரை நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் கதைக்கு நிறம் சேர்க்கிற தகவலாக. தீர்ப்பே அதன் மேல் நிற்கிறது. நடுவில் யாரும் திறந்து சோதிக்க வழியில்லாமல், தன் கையை விட்டுப் போனபடியே கடைசி ஆளிடம் போய்ச் சேரும் என்று தெரிந்து பொருளை அனுப்புகிறவனுக்குத்தான் அந்தக் கடமை. அடுத்த வருஷத்திலிருந்து ஒரு கோலி சோடா பாட்டிலும், பழுப்புத் தாள் சுற்றிய ஒரு பாட்டிலும் எடுத்துப் போகிறேன். இரண்டிலும் ஒரு ரப்பர் துண்டு. எதில் இருக்கிறது என்று கடைசி பெஞ்சிலிருந்து சொல்லச் சொல்வேன். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதிகளில் ஒருவரான அட்கின் பிரபுவின் 'நெய்பர்' கோட்பாடு இன்னொரு தொல்லை. தமிழ் வழியில் எழுதுகிறவர்கள் 'பக்கத்து வீட்டுக்காரர்' என்று போட்டுவிடுவார்கள். "பக்கத்து வீட்டுக்காரருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்று அட்கின் பிரபு கூறினார்" என்ற வரியை விடைத்தாள்களில் எத்தனை தடவை திருத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. அண்டை அயலார் என்று மாற்றிப் பார்த்தேன், அப்போதும் வாய்க்கால் தகராறு மாதிரியே இருந்தது. திருநெல்வேலிப் பையன் ஒருவன்தான் தீர்த்து வைத்தான். "சார், இது லூக்கா சுவிசேஷத்துல இருக்கே. 'எனக்குப் பிறன் யார்?' நல்ல சமாரியன் கதை. அந்தக் கேள்வியைக் கேக்குறதே ஒரு நியாயசாஸ்திரிதான்." நியாயசாஸ்திரி என்றால் சட்டம் படித்தவர், நம்ம ஆள். அட்கின் அந்தக் கதையை மனதில் வைத்துத்தான் 'சட்டத்தில் என் பிறன் யார்?' என்று கேட்கிறார். நான் செய்வதும் செய்யாமல் விடுவதும் யாரை நேராகப் போய்த் தாக்குமோ, யாரை நான் முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்க வேண்டுமோ, அவர். எந்தத் தெருவில் குடியிருந்தாலும் சரி. அன்றிலிருந்து என் வகுப்பில் 'பிறன்'தான்.

அப்புறம் வருகிறது நான் ரொம்ப நாள் சொல்லாமல் விட்ட உறவு. டோனாஹூவின் கஷ்டமே, வாங்கினவர் வேறு, குடித்தவர் வேறு என்பதுதான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைத் திறந்து 2(7) பிரிவைப் படியுங்கள். வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர். பெய்ஸ்லியில் நாலு வருஷம் இழுத்த கேள்வி இங்கே வரையறையிலேயே அரை வரியில் முடிந்துவிடுகிறது. 82 முதல் 87 வரை பொருள் பொறுப்பு, அதாவது குறையுள்ள பொருளால் வந்த தீங்குக்குத் தயாரித்தவரும் விற்றவரும் ஏற்கும் பொறுப்பு, என்று தனி அத்தியாயமும் இருக்கிறது. இப்போதெல்லாம் இரண்டையும் ஒரே நாளில் நடத்துகிறேன். "அப்ப அந்தம்மா இப்ப இருந்தா வக்கீலே வேண்டாம் சார்" என்றான் ஒருவன். எதிர்காலத்தில் வக்கீலாகப் போகிறவன்!

வக்கீல் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்தம்மாவின் வழக்கறிஞர் வால்டர் லீச்மன் இதற்குச் சற்று முன்னால்தான் ஜிஞ்சர் பீரில் செத்த எலி கிடந்த வழக்கை ஸ்காட்லாந்து மேல் நீதிமன்றத்தில் தோற்றிருந்தார். தோற்ற சில வாரத்துக்குள் நத்தை வழக்கைப் போட்டார். கட்சிக்காரர் ஏழை என்ற தகுதியில்தான் பிரபுக்கள் சபை வரை போனார். இதைச் சொன்னால் பசங்க நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் நத்தை இருந்ததா என்று கடைசி வரை யாரும் நிரூபிக்கவில்லை, அதற்கு முன்பே ஸ்டீவன்சன் இறந்து வழக்கு 200 பவுண்டுக்குச் சமரசமானது என்று சொன்னால் முகம் தொங்கிவிடும். "அப்ப இவ்வளவு நேரம் எதைப் படிச்சோம் சார்?" சொன்னதெல்லாம் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் வழக்கு நிற்குமா என்று பார்ப்பது வேறு வேலை, உண்மையா என்று பார்ப்பது வேறு வேலை. முதலாண்டில் இதைப் புரிய வைத்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

உங்கள் வகுப்புகளில் நடந்ததைச் சொல்லுங்கள். நடத்தியவர்கள் மட்டுமல்ல, படித்தவர்களும்.


வெள்ளைக் கோட்டிலிருந்து கறுப்புக் கோட்டுக்கு:

நான் படித்த பக்கம். பதினாறு வருஷம் ஸ்டாஃப் நர்ஸ், பிறகு மூன்றாண்டு எல்.எல்.பி. வகுப்பில் என் வயசுக்குப் பக்கத்தில் இருந்தவர் மேடம் மட்டும்தான்.

1995 சாந்தா வழக்கை நடத்தினார்கள். காசு வாங்கிச் சிகிச்சை தரும் டாக்டர் நுகர்வோர் சட்டத்துக்குள் வருவார். உடனே அடுத்ததையும் சொன்னார்கள்: 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம், வக்கீல்கள் இந்தச் சட்டத்துக்குள் வர மாட்டார்கள் என்று தீர்ப்பளித்தது. கட்சிக்காரர் சொல்படி, அவர் கட்டுப்பாட்டில் வேலை செய்கிறவர் வக்கீல், அதனால் அது தனிப்பட்ட சேவை ஒப்பந்தம் என்று ஒரு காரணம். வகுப்பே கைதட்டியது. நான் தட்டவில்லை. "கட்சிக்காரர் கட்டுப்பாட்டுல வக்கீலா? மேடம், நீங்க கோர்ட்டுப் பக்கம் போயிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டேன். மேடம் சிரித்தார்கள், பதில் சொல்லவில்லை.

எனக்கு நிஜமாக உறைத்தது வேறு இடத்தில். எல்லாருக்கும் இலவசமாகவே பார்க்கிற அரசு ஆஸ்பத்திரி அந்தச் சட்டத்துக்கு வெளியே. நான் வேலை பார்த்ததே அங்கேதான். அப்போது அங்கே வருகிற ஜனங்களுக்கு ஒன்றுமே இல்லையா? மேடம் அச்சுதராவ் வழக்கை எடுத்தார்கள். 1963-ல் ஔரங்காபாத் அரசு மருத்துவமனை, பிரசவத்துக்குப் பிறகு கருத்தடை ஆபரேஷன், வயிற்றுக்குள் துண்டு ஒன்றை விட்டுத் தைத்துவிட்டார்கள். அந்தப் பெண் இறந்துபோனார். துண்டு உள்ளே இருந்ததே கவனக்குறைவைச் சொல்லிவிடுகிறது, அரசுதான் பொறுப்பு என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நுகர்வோர் கதவு மூடியிருந்தாலும் டார்ட்ஸ் கதவு திறந்தே இருக்கிறது.

வயிற்றை மூடுவதற்கு முன் மாப், அதாவது ரத்தம் ஒற்றுகிற துணித் துண்டுகளை, எண்ணுவது எங்கள் வேலை. எண்ணி முடித்து "கவுன்ட் சரி டாக்டர்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். ஒன்று குறைந்தால் கைகால் நடுங்கும். குப்பைக் கூடையில் தேடுவோம், ஆபரேஷன் டேபிளுக்கு அடியில் தேடுவோம். பதினாறு வருஷம் நான் பயந்த விஷயத்துக்கு லத்தீனில் ஒரு பெயர் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ரெஸ் இப்ஸா லாக்விட்டர், சங்கதி தானே பேசும்.


கரூர் வண்டிக் கேஸ்:

தீர்ப்பாயத்தில் விபத்து வழக்கு நடத்துகிறவன். கல்லூரியில் வருஷத்துக்கு ஒரு நாள் கூப்பிடுவார்கள், இழப்பீட்டுக் கணக்குச் சொல்லித்தர. கரும்பலகையில் போட்டுக் காட்டுவேன். விபத்தில் இறந்த 38 வயது கொத்தனார், மாதம் 15,000. வருஷத்துக்கு 1,80,000. சொந்தத் தொழில், நாற்பதுக்குள் வயது, எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 2,52,000. அவரை நம்பி நாலு பேர், அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்தால் 1,89,000. அந்த வயதுக்குப் பெருக்கி, அதாவது எத்தனை வருஷ வருமானம் என்று பெருக்குகிற எண், 15. மொத்தம் 28,35,000. மற்ற தலைப்புகள் தனி.

பசங்க சந்தோஷமாகக் கூட்டிக் கழிப்பார்கள். ஒரு வருஷம் மட்டும் ஒரு பையன் எழுதாமல் பார்த்துக்கொண்டே இருந்தான். பீரியட் முடிந்து பின்னாலேயே வந்தான். "எங்கப்பாவுக்கு 41 சார். அப்பப் பெருக்கி 14தானே?" என்றான். ஆமாம் என்றேன். வயசு வரம்பைத் தாண்டினால் பெருக்கி குறையும் என்று வருஷம் முழுக்கச் சொல்கிறவன் நான், அவனிடம் வேறு எதுவும் பேச வரவில்லை. கேஸ் நம்பர் வாங்கிப் பார்த்தேன். சமரசத்துக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். எதிர்கால உயர்வைச் சேர்க்கவே இல்லை. அவர்கள் வக்கீலிடம் போனில் சொன்னேன். அவ்வளவுதான் என் பங்கு.

இன்னொரு பெண், "அம்மா வேலைக்குப் போகலையே, அவங்களுக்குப் பூஜ்யமா சார்?" என்று கேட்டாள். இல்லை. இல்லத்தரசியின் உழைப்புக்கும் வருமானம் கணக்கிட வேண்டும் என்று 2021 ஜனவரியில்கூட உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எவ்வளவு என்பதில்தான் இன்றைக்கும் சண்டை.


தையல்காரர் மகள்:

எங்கள் சார் இன்டர்னல் மார்க்குக்கு வைத்த வேலை, வீட்டிலிருந்து ஏதாவது ஒரு பில் கொண்டுவா. பாதிப் பேரிடம் பில்லே இல்லை. துண்டுச் சீட்டில் 'எஸ்டிமேட்' என்று எழுதியதைக் கொண்டு வந்தார்கள். பில் தராததே நியாயமற்ற வணிகமுறை என்று சார் நுகர்வோர் சட்டத்தின் 2(47)-ஐப் படித்தார். மீதிப் பேருடையதில் அடியில் ஒரே வாசகம்: 'விற்ற பொருள் திரும்பப் பெற மாட்டாது'. குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்க மறுப்பதும் அதே பிரிவில் இருக்கிறது. பில்லில் காலம் எதுவும் போடவில்லை என்றால் 30 நாள்.

நான் கொண்டு போனது அப்பாவின் பவர் மெஷின் பில். வாங்கி மூன்றாம் மாதம் மோட்டார் புகைந்தது. கடையில், "தொழிலுக்கு வாங்குனது, நீங்க நுகர்வோரே கிடையாது"ன்னு திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பாவும் நம்பிவிட்டார். சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று வரையறைக்கு அடியிலேயே விளக்கம் இருக்கிறது. பேனாவால் அடிக்கோடு போட்டு அப்பாவிடம் காட்டினேன். "இதை அவன்கிட்ட காட்டு, என்கிட்ட எதுக்குக் காட்டுற" என்றார்.

நோட்டீஸ் அனுப்பினோம். பதில் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போட்டோம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை, வாங்கிய ஊரிலும் போட வேண்டாம், நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். முதல் வாய்தாவுக்கு முன்பே புது மோட்டார் வந்துவிட்டது. எனக்குத்தான் ஏமாற்றம். வாதாட ராத்திரி முழுக்கத் தயார் பண்ணி வைத்திருந்தேன்.


டார்ட்ஸ் வாத்தியார்:

தையல்காரர் மகளுக்கு: அந்தப் பில் பயிற்சியை நானும் எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டு கிரைண்டர் வாங்கி எட்டாம் மாதம் நின்றது. சர்வீஸ் ஆள் "நாளைக்கு வரேன் சார்" என்றார். நாளைக்கு, பொங்கல் கழித்து, பார்ட் வந்ததும். நானும் பரீட்சைப் பேப்பர் திருத்தி முடிக்கட்டும் என்று தள்ளினேன். ஒரு நாள் வீட்டில் கேட்டார்கள், "பசங்களுக்கு எத்தனை வருஷத்துக்குள்ள கேஸ் போடணும்னு சொல்லிக் கொடுக்குறீங்க?" 69-ம் பிரிவு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷம். எண்ணிப் பார்த்தால் அது தாண்டி நாலு மாதம் ஆகியிருந்தது. போதுமான காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கலாம். வாத்தியார் சோம்பேறி என்று எந்த மனுவில் எழுதுவது?

காலவரம்பு நடத்துகிற அன்றைக்கு அந்த வாரன்டி கார்டை வகுப்பில் சுற்ற விடுகிறேன். போன வாரம் மூன்றாவது பெஞ்சுக்குப் போனதும் ஒரு பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினாள்.

"சார், இதுல கடைக்காரர் சீலே வைக்கலை. தேதியும் போடலை. நீங்க வாங்கும்போதே பார்க்கலையா?"