ஹட்டன் பக்கம் கடலையும் பருப்பும் காய்க்குமா?

கேள்வி (ஹட்டன்)

எங்கள் லயத்துக்கு முன்னால் சின்னதாக ஒரு மரக்கறித் துண்டு இருக்கிறது. போஞ்சி, லீக்ஸ், கோவா எல்லாம் நன்றாக வருகிற மண். கோவிலில் சுண்டலுக்கு ஊறவைத்த கடலையில் மிஞ்சியதை ஏப்ரல் மாதம் அம்மா பாத்தி ஓரத்தில் ஊன்றிவிட்டார். முளைத்து, முழங்கால் உயரம் வந்து, ஊதா நிறத்தில் சின்னச் சின்னப் பூவும் வைத்தது, எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். ஆனால் மழை பிடித்ததிலிருந்து பூ பழுத்து உதிர்ந்துகொண்டே இருக்கிறது. தண்டில் பழுப்பாகப் புள்ளி விழுந்து அந்த இடத்தில் தொட்டாலே ஒடிகிறது. போஞ்சிக்குப் போடும் யூரியாவைக் கொஞ்சம் தூவினால் நிற்குமா?

இன்னொன்று, பருப்பும் போட்டுப் பார்க்க ஆசை. வீட்டில் மூன்று வேளையும் அதுதான் கறி, 2022இல் விலை ஏறியபோது பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. கடையில் வாங்கும் சிவப்புப் பருப்பை விதைக்கலாமா?

பதில் (வெலிமடை)

தம்பி, முதலில் யூரியாவைத் தள்ளி வையுங்கள். அது இலையைத்தான் வளர்க்கும், செடி இன்னும் அடர்ந்து உள்ளே காற்றுப் போகாமல் நோய் கூடும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது பங்கசு நோய். குளிரும் ஈரமும் ஒன்றாக நின்றால் கடலைக்கு வருகிற கருகல், தண்டில் புள்ளி விழுந்து அங்கேயே ஒடிவது அதன் அடையாளம். நோய் பிடித்த செடிகளைப் பிடுங்கி எரித்துவிடுங்கள், கூட்டெரு குழியில் போட வேண்டாம். அதிலிருந்து விதையும் எடுக்க வேண்டாம், விதை வழியாகவும் அது பரவும்.

மண்ணை விட உங்களைக் கெடுத்தது மாதம்தான். கடலையும் பருப்பும் மழை முடிந்த பின் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலேயே வளர்ந்து, வெயிலில் காய்ந்து முற்றுகிற பயிர்கள். வட இந்தியாவில் ஒக்டோபர், நவம்பரில் விதைத்து மார்ச், ஏப்ரலில் அறுக்கிறார்கள். அதனால் நாம் விதைக்கும் நாளை முதலில் பார்க்கக் கூடாது, காய் முற்றும் மாதம் எது என்று பார்த்து அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். கடலைக்கு 100 நாள் வைத்துக்கொள்ளுங்கள், குளிர் இடமென்றால் இன்னும் கொஞ்சம் கூடும். ஹட்டன் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை, அதில் ஒன்றும் நடக்காது. உங்களுக்கு மழை குறைந்து வெயில் காயும் காலம் ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரைதான், ஆகவே டிசம்பர் தொடக்கத்தில் விதை மண்ணுக்குள் இருக்க வேண்டும். எங்கள் ஊவாப் பக்கம் கதை வேறு. ஏப்ரல், மே மழை விட்டதும் ஜூன் முதல் வாரத்தில் போட்டு, ஒக்டோபர் மழைக்கு முன் பிடுங்கிவிடலாம்.

அடுத்தது மண். தேயிலை இருந்த மண் புளிப்பு மண், பீ.எச். 4.5 முதல் 5.5க்குள் இருக்கும். கடலைக்கு 6க்கு மேல் வேண்டும். ஒரு மாதம் முந்தியே டொலமைட் போட்டுக் கொத்திவிடுங்கள், அடுப்புச் சாம்பலும் நல்லது. பாத்தியை ஒரு அடி உயர்த்திப் போடுங்கள். வரிசைக்கு வரிசை ஒரு அடி, செடிக்குச் செடி நான்கு அங்குலம், ஆழம் இரண்டு அங்குலம். நெருக்கிப் போட்டால் திரும்பவும் பூஞ்சணம் பிடிக்கும்.

பருப்பு விஷயம்: கடைச் சிவப்புப் பருப்பு முளைக்காது. தோல் நீக்கி இரண்டாக உடைத்தது அது. தோலோடு பழுப்பு நிறத்தில் இருக்கும் முழு மைசூர்ப் பருப்பு வேண்டும், அதிலும் இந்தியச் சின்ன விதை கிடைத்தால் அதையே எடுங்கள். கனடா, மேற்காசியா பக்கத்துப் பருப்புக்கு நீண்ட பகல் வேண்டும், நம் பக்கம் பகல் வருடம் முழுக்க ஏறக்குறைய 12 மணித்தியாலம்தான், அதனால் அது பூக்க மிகவும் தாமதிக்கும்.

பதில் (நுவரெலியா)

மேலே அண்ணா சொன்னது ஹட்டனுக்குச் சரி. எங்களைப் போல 1800 மீட்டருக்கு மேலே இருப்பவர்கள் கடலையில் நேரத்தைப் போட வேண்டாம். இரவும் பகலும் சேர்த்துச் சராசரி 15 பாகைக்குக் கீழே போனால் கடலை பூக்கும், காய் பிடிக்காது. ஜனவரியில் உறைபனி விழுந்தால் பூ அத்தோடு சரி. இங்கே பட்டாணி போடுங்கள், அழகாக வரும்.

பட்டாணி போட்ட பாத்தியில் பருப்புப் போடுவதில் ஒரு நன்மையும் இருக்கிறது. காற்றிலிருந்து நைதரசன் பிடித்துக் கொடுக்கும் வேர் முடிச்சுப் பக்றீரியா இரண்டுக்கும் ஒன்றேதான். கடலைக்கு உரியது வேறு வகை, அது போஞ்சி மண்ணில் இருக்காது. உங்கள் கடலையைப் பிடுங்கும்போது வேரைக் கழுவி, முடிச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் வேலை செய்கிறது. முடிச்சே இல்லை, அல்லது உள்ளே வெளுத்துக் கிடக்கிறது என்றால் அடுத்த முறை நன்றாக மக்கிய மாட்டெரு கொஞ்சம் போட்டுத்தான் ஆக வேண்டும்.

பதில் (பதுளை)

யாரும் சொல்லாததைச் சொல்கிறேன், மனம் தளர வேண்டாம். வயலிலேயே இந்த இரண்டு பயிரும் ஹெக்டயருக்கு ஒரு டொன் அளவில்தான் தருகின்றன. அதாவது பத்தடிக்குப் பத்தடிப் பாத்தியில் எல்லாம் சரியாக அமைந்தால் ஒரு கிலோ. பருப்பில் ஒரு காய்க்கு ஒன்றோ இரண்டோ விதை, உரித்துப் புடைக்கும் வேலை வேறு. மூன்று வேளைக் கறிக்கு என்று நினைத்தால் அந்தத் துண்டு போதாது. அதே இடத்தில் கொடிப் போஞ்சி, அவரை போட்டால் வீட்டுக்குப் பல மடங்கு சாப்பாடு. எங்கள் உயரத்தில் வேலி ஓரம் துவரையும் நிற்கும், ஒரு தடவை நட்டால் இரண்டு மூன்று வருடம் காய்க்கும், பருப்புக்குப் பதில் அதைச் சமைக்கலாம். கடலையை ஆசைக்கு ஒரு பாத்தி போடுங்கள், அது வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன்.

கேட்டவர்

எல்லோருக்கும் பெரிய நன்றி. பிடுங்கிப் பார்த்தேன், முடிச்சு ஒன்றுகூட இல்லை. டிசம்பருக்கு ஒரு பாத்தி மட்டும் உயர்த்தி வைக்கப் போகிறேன், மற்றது போஞ்சிக்கே. அப்புறம், செடியைத் தொட்டுவிட்டு விரலை நக்கினால் புளிக்கிறது. மருந்து ஏதும் அடிக்கவில்லை. அது என்ன?

பதில் (வெலிமடை)

பயப்பட ஒன்றுமில்லை. கடலைச் செடியின் மேல் பூனைமயிர் மாதிரி இருக்கிறதே, அதிலிருந்து சுரக்கிற அமிலம் அது, காலையில் வெயில் ஏறுமுன் நன்றாகத் தெரியும். அந்தக் கொழுந்தை வட இந்தியர்கள் கீரையாகவே சமைக்கிறார்கள். டிசம்பரில் போடும் செடி ஐந்து வாரம் ஆனதும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளை வெடித்துக் காய் கூடும், கிள்ளியது கறிக்கு. மார்ச்சில் மழை முந்திக்கொண்டு வந்தால் முற்றும்வரை காத்திருக்க வேண்டாம். காய் பச்சையாக உப்பியிருக்கும்போதே செடியோடு பிடுங்கி, உரித்து அவித்துச் சாப்பிடலாம். பச்சைக்காயில் புழு ஓட்டை போட்டிருக்கும், பார்த்து உரியுங்கள். ஒரு காய்க்குள் தலையை விட்டுக்கொண்டு உடம்பு வெளியே தொங்கும், கையால் பொறுக்கினாலே அந்தச் சின்னப் பாத்திக்குப் போதும்.