வெளியே சும்மா நின்றுவிட்டு, வீட்டுக்குள் வந்ததும் சிறுநீர் கழிக்கும் 10 வாரக் குட்டி

கேள்வி

வணக்கம். எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் நாய்க்குட்டி வந்து இரண்டு வாரங்கள் ஆகின்றன. வந்தபோது அதற்கு 8 வாரம். இப்போது 10 வாரம். நாங்கள் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். நாளொன்றுக்கு நான்கு முறை அதைக் கீழே இறக்கி, மதிலோரம் உள்ள புல்தரைக்குக் கயிற்றில் அழைத்துச் சென்று, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 20 நிமிடங்கள் காத்திருக்கிறேன். அது புல்லை முகர்கிறது, காய்ந்த சருகைத் துரத்துகிறது, போவோர் வருவோரை வேடிக்கை பார்க்கிறது. சிறுநீர் மட்டும் கழிப்பதில்லை. வீட்டுக்குள் வந்து கயிற்றை அவிழ்த்த இரண்டாவது நிமிடத்தில் தரையை நனைத்துவிடுகிறது.

முதல் வாரத்தில் செய்தித்தாள் விரித்துப் பழக்கினோம். பாதி நேரம் தாளின் மேலும், பாதி நேரம் குளியலறை வாசலில் கிடக்கும் கால்மிதியின் மேலும் கழித்தது. கழித்த இடத்தில் மூக்கை அழுத்தி அதட்டினால்தான் அதற்குப் புரியும் என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் சொன்னார். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், நானும் மூன்று முறை அப்படிச் செய்தேன். அதன் பிறகு என் கண்ணெதிரே கழிப்பதை விட்டுவிட்டு, சோபாவின் பின்னால் போய்க் கழித்துவிட்டு வருகிறது. நான் அதைக் கண்டுபிடித்து அருகில் போனதும் காதுகளை மடக்கி, வாலை இடுக்கி, தலையைத் தாழ்த்திக்கொள்கிறது. தவறு என்று தெரிந்தேதான் செய்கிறது என வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் மறுத்துச் சொல்லவும் தெரியவில்லை.

வெளியே அவ்வளவு நேரம் நின்றும் ஏன் கழிப்பதில்லை? செய்தித்தாளைத் தொடரலாமா? இரவில் என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் மறுமொழி

நான் இதுவரை நான்கு நாய்களைக் குட்டியிலிருந்து வளர்த்திருக்கிறேன். அவற்றுள் முதலாவதிடம் நீங்கள் செய்த அதே தவற்றைச் செய்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். சோபாவின் பின்னால் ஒளிவதும் வெளியே கழிக்காமல் இருப்பதும் இருவேறு சிக்கல்களாக உங்களுக்குத் தோன்றுகின்றன. எனக்கு அவை ஒன்றாகவே தெரிகின்றன. மூக்கை அழுத்தி அதட்டியபோது "வீட்டுக்குள் கழிக்கக் கூடாது" என்ற பாடம் குட்டிக்குப் போய்ச் சேரவில்லை. வீடு, வெளி என்ற பாகுபாடே அந்த வயதில் அதற்குத் தெளிவாக இல்லை. "இந்த மனிதர் பார்க்கும்போது கழித்தால் ஆபத்து" என்பதைத்தான் அது கற்றுக்கொண்டது. இப்போது புல்தரையில் கயிற்றின் மறுமுனையில் நிற்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் கண் முன்னால் கழிக்க அஞ்சி அது அடக்கிக்கொள்கிறது. உள்ளே வந்து கயிறு அவிழ்ந்ததும் உங்கள் பார்வையிலிருந்து விலகிப் போய்க் கழிக்கிறது. அதன் கணக்கில் அது சரியாகவே நடந்துகொள்கிறது.

காதை மடக்கித் தலையைத் தாழ்த்துவது குற்ற உணர்வு அல்ல. அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், தவறு செய்த நாயானாலும் செய்யாத நாயானாலும், உரிமையாளர் கடிந்துகொண்டபோதுதான் அந்த முகபாவம் மிகுதியாக வெளிப்பட்டது எனக் கண்டறிந்தார். உங்கள் நடையிலும் முகத்திலும் உள்ள கடுமையைப் பார்த்து அது பணிந்துபோகிறது, அவ்வளவுதான். வீட்டில் உள்ளவர்களுக்கு மறுமொழி சொல்ல இது உதவக்கூடும்.

அடுத்தது எண்ணிக்கை. 10 வாரக் குட்டிக்கு நாளொன்றுக்கு நான்கு முறை என்பது மிகவும் குறைவு. வயதை மாதத்தில் எண்ணி அதனுடன் ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம்தான் ஒரு குட்டி அடக்கக்கூடிய உச்ச அளவு என்று பொதுவாகச் சொல்வார்கள். அதன்படி உங்கள் குட்டிக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் வருகிறது. ஆனால் அது படுத்து ஓய்வெடுக்கும் நேரத்துக்கான கணக்கு. விழித்து ஓடியாடும் குட்டிக்கு ஒரு மணி நேரமே அதிகம். தூங்கி எழுந்த உடனே, விளையாட்டின் நடுவிலும் முடிவிலும், தண்ணீர் குடித்த சிறிது நேரத்தில், உணவு உண்ட 5 முதல் 30 நிமிடங்களுக்குள் என்று வெளியே கொண்டுபோனால் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை ஆகிவிடும். இரைப்பை நிரம்பியதும் பெருங்குடல் தானாகவே இயங்கத் தொடங்குவதால்தான் உணவுக்குப் பின் மலம் கழிப்பது அவ்வளவு ஒழுங்காக நிகழ்கிறது. எனவே உணவு நேரத்தை ஒழுங்குபடுத்தினாலே பாதி வேலை முடிந்தது. தட்டில் எந்நேரமும் உணவு கிடக்கக் கூடாது.

வெளியே 20 நிமிடங்கள் நிற்க வேண்டாம். அவ்வளவு நேரம் நின்றால் அது உலா ஆகிவிடுகிறது. குட்டியின் கவனம் சருகுக்குப் போய்விடுகிறது. கயிற்றைச் சற்று நீளமாக விட்டு, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் மரம்போல நில்லுங்கள். குட்டியை உற்றுப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், பேசாதீர்கள். ஐந்தாறு நிமிடங்களில் எதுவும் நடக்கவில்லையென்றால் மேலே தூக்கி வந்துவிடுங்கள். ஆனால் தரையில் இறக்கிவிடாதீர்கள், இதுதான் முக்கியம். மடியில் வைத்துக்கொள்ளுங்கள் அல்லது கூண்டில் விடுங்கள். பத்து, பதினைந்து நிமிடங்கள் கழித்து மீண்டும் அதே இடத்துக்குக் கொண்டுபோங்கள். மூன்றாவது முறையாவது கழிக்கும். குந்தும்போது குறுக்கே பேசிக் கலைத்துவிடாமல், முழுவதும் முடிக்கும் வரை பொறுத்திருந்து, முடித்த இரண்டொரு நொடிகளுக்குள் அந்த இடத்திலேயே தின்பண்டத் துண்டைக் கொடுங்கள். வீட்டுக்கு வந்து கொடுத்தால், வீட்டுக்கு வந்ததற்கான பரிசு என்றே அது எடுத்துக்கொள்ளும். கழித்த கையோடு உள்ளே அழைத்துவரவும் கூடாது. கழித்தால் வெளியுலகம் முடிந்துபோகிறது என்று கண்டுகொண்ட குட்டி அடக்கப் பழகிவிடும். ஐந்து நிமிடமாவது அங்கே விளையாட விடுங்கள்.

சோபாவின் பின்பக்கத்தை இன்றே ஏதாவது வைத்து அடைத்துவிடுங்கள். வீட்டுக்குள் அது திரியும்போது கயிற்றின் மறுமுனையை உங்கள் இடுப்பில் கட்டிக்கொண்டால் அது காணாமல் போக வழியில்லை. சமைக்கும்போது எனக்கு இது பெரும் தொல்லையாக இருந்தது. ஆனாலும் இரண்டே வாரங்களில் பயன் தெரிந்தது.

இரண்டாம் மறுமொழி

மேலே எழுதியவர் சொன்னவை அனைத்தும் எனக்கும் உடன்பாடே. செய்தித்தாளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

குட்டி பிறந்த முதல் இரண்டு வாரங்களில் தாய் நக்கித் தூண்டினால்தான் அதற்குச் சிறுநீரும் மலமும் வெளிவரும். மூன்றாவது வாரம் முதல் படுக்கையை விட்டு நகர்ந்து போய்க் கழிக்கத் தொடங்குகிறது. அதன் பிறகு, ஏறக்குறைய 9 வாரம் வரையிலான காலத்தில், எந்தத் தரையில் காலை வைத்தால் கழிக்க வேண்டும் என்ற விருப்பம் அதன் பாதங்களில் பதிந்துபோகிறது. அதாவது அது இடத்தைவிடப் பரப்பைத்தான் நினைவில் வைக்கிறது. தாளும் கடையில் விற்கும் உறிஞ்சு விரிப்பும் மென்மையானவை, சதுரமானவை, தரையில் கிடப்பவை, கால்மிதியும் அப்படித்தான். உங்கள் குட்டி கால்மிதியில் கழித்தது குறும்பு அல்ல, நீங்கள் கற்றுக்கொடுத்ததன் நீட்சி.

ஆகவே இறுதியில் வெளியே பழக்குவதுதான் நோக்கமென்றால் தாளை அடியோடு நிறுத்துங்கள். இரண்டையும் கலந்து நடத்தினால் காலம்தான் நீளும். மாடி வீடு, படியிறங்க நேரமாகிறது என்றால் பால்கனியில் ஒரு தட்டில் புல்பத்தையை வைத்துப் பழக்கலாம். பாதத்துக்குப் புல் என்ற உணர்வு மாறாமல் இருப்பதால் பிற்பாடு கீழே மாற்றுவது எளிது. படிகளில் நடத்தி இறக்காமல் தூக்கிக்கொண்டு போங்கள், பாதி வழியிலேயே கழித்துவிடும். எங்கள் வீட்டில் மூன்றாவது படிக்கட்டுத் திருப்பம்தான் வழக்கமான விபத்துப் பகுதி.

தடுப்பூசியையும் மறக்க வேண்டாம். குட்டிகளுக்கான தொடக்கத் தடுப்பூசிகள் 16 வாரம் வரை இடைவெளிவிட்டுத் தொடர்பவை. குட்டிகளுக்கு உயிருக்கே ஆபத்தான வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதங்கள் அழியாமல் இருக்கக்கூடியது. பல நாய்கள் வந்துபோகும் பொது இடத்தில் அதுவரை குட்டியைத் தரையில் விடாமல், பிற நாய்கள் நுழையாத மூலையைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

கேட்டவரின் விளக்கம்

இருவருக்கும் மிக்க நன்றி. கயிற்றின் மறுமுனையில் நிற்பவன் நான்தான் என்ற வரியைப் படித்தபோது உண்மையிலேயே நெஞ்சு சுருக்கென்றது. சில தகவல்களைச் சொல்ல விட்டுவிட்டேன். கழித்த இடத்தைப் பிளீச் தெளித்துத் துடைக்கிறோம். ஆனாலும் அதே இடத்துக்குத் திரும்பி வருகிறது. விருந்தினர் வந்து குனிந்து கொஞ்சினால் நின்ற இடத்திலேயே சில சொட்டுகள் விட்டுவிடுகிறது. அதையும் கண்டிக்க வேண்டுமா? இரவு பத்து மணிக்குத் தூங்கி இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் அழுகிறது. இரவில் தண்ணீரை எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் மறுமொழி

கால்நடை மருத்துவமனையில் உதவியாளராகப் பணியாற்றுகிறேன். விருந்தினர் முன்னால் சொட்டுவிடுவது பழக்கக் குறைபாடு அல்ல. மிகுந்த மகிழ்ச்சியிலோ பணிவிலோ தன்னை அறியாமல் நிகழ்வது. கண்டித்தால் பணிவு கூடும், பணிவு கூடினால் சொட்டும் கூடும். வருபவர் குட்டியின் தலைக்கு மேல் கவிழாமல், பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, அது தானாக வரும் வரை கண்டுகொள்ளாமல் இருக்கட்டும். பெரும்பாலான குட்டிகளுக்கு ஒரு வயதுக்குள் இது நின்றுவிடும்.

பிளீச் மேற்பரப்புக் கறையைப் போக்குமே தவிர, நாயின் மூக்குக்கு எட்டும் வாடையை முழுவதுமாகப் போக்காது. சிறுநீரின் மேல் அதை நேரடியாக ஊற்றுவது ஆபத்தும்கூட. சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சுக்குழாயை எரிக்கும் வாயு உண்டாகும். அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவங்களோ சிறுநீரின் வாடையையே நினைவூட்டும். முதலில் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, செல்லப்பிராணிகளுக்கென விற்கப்படும் நொதி (என்சைம்) கலந்த திரவத்தை ஊற்றி, அதன் உறையில் குறிப்பிட்டுள்ள நேரம் வரை ஊறவிடுங்கள். உடனே துடைத்துவிட்டால் நொதி வேலை செய்ய நேரமே இருக்காது. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்.

பகலில் தண்ணீரைக் கட்டுப்படுத்தவே கூடாது. உலர் தீவனம் உண்ணும் குட்டிக்கு அது கேடு. படுக்கப்போவதற்குச் சற்று முன் கிண்ணத்தை எடுத்துவிடுவதைச் சிலர் பரிந்துரைப்பார்கள்; வெயில் காலத்தில் எனக்கு அதிலும் உடன்பாடில்லை. இரவு இரண்டு முறை எழுவது இந்த வயதுக்கு இயல்பே. கூண்டை உங்கள் கட்டிலருகே வையுங்கள். எழுந்து நின்று, திரும்பி, நீட்டிப் படுக்கும் அளவே அது இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் ஒரு மூலையைக் கழிப்பிடமாக்கிவிடும். அழுததும் விளக்கைப் போடாமல், கொஞ்சாமல் தூக்கிப் போய், கழித்ததும் மீண்டும் படுக்க வைத்துவிடுங்கள்; நள்ளிரவு விளையாட்டு ஒருமுறை கிடைத்துவிட்டால் மறுநாள் அதற்காகவே அழும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அடிக்கடி குந்திக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்தாலோ, முக்கினாலோ, சிறுநீரில் சிவப்பு தெரிந்தாலோ, அவ்விடத்தை ஓயாமல் நக்கினாலோ, சிறுநீர்ப்பாதைத் தொற்றாக இருக்கலாம். தூங்கும்போதே பின்புற ரோமம் நனைந்துகொண்டே இருந்தால், சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் பிறவியிலேயே சிறுநீர்ப்பையில் சேராமல் வேறிடத்தில் சேர்ந்திருக்கக்கூடும். பெண் குட்டிகளில் இது அதிகம். எந்தப் பயிற்சியும் இவற்றைச் சரிசெய்யாது. அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது காலைச் சிறுநீரைச் சுத்தமான குப்பியில் பிடித்துக்கொண்டு போனால் பரிசோதித்துவிடலாம்.

கேட்டவரின் பின்குறிப்பு, மூன்று வாரங்களுக்குப் பிறகு

சிறுநீர்ப் பரிசோதனையில் கோளாறு எதுவும் இல்லை. முதல் நான்கு நாள்கள் வெறுத்தே போய்விட்டேன். ஒரே காலையில் ஆறு முறை படியேறி இறங்கினேன். ஐந்தாம் நாள் நான் மதிலைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தபோது பின்னால் கயிறு தளர்ந்தது. திரும்பிப் பார்க்காமல் நின்றேன். முடித்துவிட்டு அதுவே என் காலடிக்கு வந்தது. நேரத்தையும் நிகழ்வையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்ததில், மாலை விளையாட்டு தொடங்கிய பதினைந்தாம் நிமிடத்தில்தான் பெரும்பாலான விபத்துகள் நேர்கின்றன என்று தெரிந்தது. இப்போது பன்னிரண்டாம் நிமிடத்தில் தூக்கிவிடுகிறேன். கடந்த வாரம் முழுவதிலும் வீட்டுக்குள் இரண்டே முறைதான். இரவிலும் ஒருமுறைதான் எழுகிறது. மூக்கை அழுத்தச் சொன்ன பெரியவர் இப்போது சட்டைப்பையில் தின்பண்டத்தோடு அலைகிறார்.

மீதமிருப்பது மழை. குடையை விரித்தால் மிரண்டு வீட்டை நோக்கி இழுக்கிறது.

முதல் மறுமொழி எழுதியவர்

மகிழ்ச்சி. குடையைக் கூடத்தில் விரித்தபடி ஓரமாகப் போட்டுவிட்டு, சுற்றிலும் தின்பண்டத் துண்டுகளை இறைத்துவிடுங்கள்; அது குடைக்கடியில் போய்ப் படுக்கும் நாளில் வெளியே எடுத்துச் செல்லலாம். ஆறேழு மாத வயதில் மறுபடியும் ஓரிரு விபத்துகள் நேரலாம். அப்போது மீண்டும் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொள்ளுங்கள், குறிப்பேட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.