மில் வண்டி ஏறப்போற புள்ளைகளுக்கு இந்த வருசப் பரிசுப் பணம்

எல்லாருக்கும் வணக்கம். நம்மூர் குழுவோட ஆண்டு விழாவுல பத்தாவது, பன்னெண்டாவதுல மொத மூணு மார்க் எடுத்தவங்களுக்குப் பரிசு குடுக்கறது பத்தி மெயில் ஓடிக்கிட்டு இருக்கு, படிச்சேன். என் மனசுல ரொம்ப நாளா கெடக்குற ஒண்ணு, இப்பவாச்சும் சொல்லிடுறேன்.

எங்கக்கா 2003ல பத்தாவதுல 412 மார்க். நம்மூர் பள்ளிக்கூடம் பத்தோட முடிஞ்சுது, மேல படிக்க ஒம்போது கிலோமீட்டர் போவணும், காலைல ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். பீஸ் பெருசா இல்லதான், ஆனா பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் டெஸ்ட் பீஸுக்கும் எங்கப்பா கூலில மிச்சம் பிடிக்க முடியல, பின்னாடி நானும் தம்பியும் வேற. அந்த வைகாசில நூல் மில்லுக்கு ஆள் புடிக்கிற ஏஜென்ட் வீட்டுக்கே வந்தாரு. மூணு வருசம் ஹாஸ்டல்ல தங்கி வேலை பாத்தா கடைசில முப்பதாயிரம் மொத்தமா, கல்யாணத்துக்கு ஆகும்னு. சுமங்கலித் திட்டம்னு பேரே அப்படித்தான வச்சாங்க. திண்டுக்கல், ஈரோடு, திருப்பூர் பக்கம் பொண்ணு இருக்குற ஏழை வீட்டுக்கெல்லாம் அந்தப் பேரு தெரியும். வரதட்சணை வாங்கக்கூடாதுன்னு 1961லயே சட்டம் வந்தாச்சு, ஆனா அந்தக் காசுக்காக பதினஞ்சு வயசுப் புள்ளைய மில்லுக்கு அனுப்புறது நம்ம கண்ணு முன்னாடி நடந்துச்சு.

அக்காவுக்கு ஸ்பின்னிங்ல சைடு பாக்குற வேலை, அதாவது நூல் நூக்குற மிஷினோட ஒரு பக்கத்தப் பாத்துக்கணும். நூல் அறுந்தா ஓடி ஓடி ஒட்டணும், எட்டு மணி நேரம் உக்கார முடியாது, ஷிப்ட் மாறிக்கிட்டே இருக்கும், ஆள் வரலைன்னா அடுத்த ஷிப்டையும் சேத்து பாக்கணும். ஞாயித்துக்கெழம வார்டன் முன்னாடி நின்னுதான் போன் பேசும், அம்மா கேட்டா நல்லாருக்கேம்மான்னு மட்டும் சொல்லும். ரெண்டரை வருசத்துல பஞ்சுத் தூசில மூச்சு வாங்க ஆரம்பிச்சு, வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மூணு வருசம் முடிக்கலைல்ல, அதனால அந்த முப்பதாயிரத்துல ஒரு பைசா வரல. மாசாமாசம் அது அனுப்புன சம்பளத்துலதான் நான் படிச்சேன். 2007ல நான் பதினொண்ணு சேந்தப்ப கவர்மெண்ட் சைக்கிள் குடுத்தாங்க, அதே ஒம்போது கிலோமீட்டர நான் மிதிச்சே போயிட்டேன். நாலு வருசம் முந்தி அந்த சைக்கிள் எங்க வீட்டுக்கு வந்திருந்தா அக்காவும் போயிருக்கும். இன்னைக்கு நான் சிங்கப்பூர்ல உக்காந்து இத டைப் பண்றேன், அக்கா நூறு நாள் வேலைக்குப் போவுது. எனக்கு இது ஆறவே மாட்டேங்குது.

இப்ப நெலம மாறிருக்கு, இல்லைங்கல. 2022 செப்டம்பர்ல இருந்து புதுமைப் பெண் திட்டம் இருக்கு, ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்ச பொண்ணு காலேஜோ, டிப்ளமாவோ, ஐடிஐயோ சேந்தா மாசம் ஆயிரம் ரூபா அக்கவுண்ட்ல வருது. முன்னாடி தாலிக்குத் தங்கம்னு கல்யாணத்துக்குக் குடுத்த திட்டத்தத்தான் படிப்புக்கு மாத்துனாங்க, அத நெனச்சா எனக்கு கண்ணு கலங்கும். இன்ஜினியரிங்ல கவர்மெண்ட் ஸ்கூல் புள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுல சீட் கெடச்சா பீஸ கவர்மெண்டே கட்டுது. ஆனா அந்த ஆயிரம் காலேஜ்ல சேந்த பெறகுதான வரும். ரிசல்ட் வந்து காலேஜ் தொறக்குற வரைக்கும் இருக்குற அந்த ரெண்டு மாசம்தான் பிரச்சனையே. அப்ளிகேசன், அட்மிசன் பீஸ், ஹாஸ்டலுக்கு அட்வான்ஸ், நாலு நல்ல துணி, வருமானச் சான்றுக்கு அலையிற அலைச்சல், கூலி வீட்டுல இதுக்கு ஒண்ணா பணம் ஏது? வேலைக்கு ஆள் ஏத்துற மில் வண்டி ஊருக்குள்ள வர்றதும் சரியா அப்பதான்.

அதனால அண்ணன்மாரே, அக்காமாரே, மொத மார்க் எடுத்த புள்ளைய அவங்க வீட்டுல எப்படியும் படிக்க வச்சிருவாங்க. நம்ம பணம் பன்னெண்டாவதுல 300, 350 மார்க் எடுத்து வீட்டுல உக்காந்திருக்குற பொண்ணுக்குப் போவணும், அதுவும் விழா மேடைல கூப்புட்டு சால்வை போட்டு போட்டோ எடுக்காம, மே மாசமே நேரா காலேஜ்ல கட்டிடணும்.

அக்காகிட்ட பேசிட்டேன். நம்மூர்லயும் காலனிலயும் வீடு வீடா போயி இந்த வருசம் பன்னெண்டாவது எழுதுற பொம்பளப் புள்ளைக பேர எழுதித் தர்றேன்னு சொல்லிருக்கு. பொருளாளர் அண்ணே, கணக்குல எவ்வளவு இருக்குன்னு குழுவுல போட்டுவிடுங்க, என் பங்கு ஒரு புள்ளைக்கு முழுசா நான் கட்டிடுறேன்.