வேல்யூ இன்ஜினியரிங்: மதிப்பா, பெறுமதியா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். 'வேல்யூ இன்ஜினியரிங்' என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இழை நீண்டுகொண்டே போகிறது. ஒரு பொருள் செய்ய வேண்டிய வேலை கெடாமல், கொடுக்கும் செலவுக்கு அதிகப் பயன் கிடைக்கும்படி வடிவமைக்கும் துறை அது. மதிப்புப் பொறியியல், விழுமப் பொறியியல், சிக்கனப் பொறியியல், செலவுக்குறைப்புப் பொறியியல் என்று நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கின்றன. வாகன கியர்ப்பெட்டியின் வடிவமைப்பை எடுத்துக்கொண்டு நான்கு பத்தி எழுதிப் பார்த்தால்தான் எந்தச் சொல் எங்கே இடறுகிறது என்று தெரிகிறது. அப்படிப் பார்த்ததில் தோன்றியவற்றை எழுதுகிறேன்.

> செலவைக் குறைப்பதுதானே நோக்கம்? 'செலவுக்குறைப்புப் பொறியியல்' என்றால் யாருக்கும் உடனே புரியுமே.

புரியும் ஐயா, ஆனால் தவறாகப் புரியும். பல கியர்ப்பெட்டிகளில் எண்ணெய் வடிக்கும் திருகின் முனையில் ஒரு சிறு காந்தம் இருக்கும். பற்கள் தேய்ந்து உதிரும் இரும்புத் துகளைப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் வேலை. காந்தத்தை எடுத்துவிட்டால் செலவு குறையும், சந்தேகமே இல்லை. அப்புறம் அந்தத் துகள் எண்ணெயோடு சுற்றி வந்து, சுழலும் தண்டுகளைத் தாங்கும் தாங்கிகளுக்குள் (பேரிங்) நுழையும், உருளைகளும் அவை ஓடும் பாதையும் குழிவிழும். இது வெறும் செலவுக்குறைப்பு.

அதே பெட்டியில் இன்னொரு மாற்றத்தைப் பாருங்கள். உறையின் இரண்டு பாதிகளுக்கு நடுவே முன்பு காகித கேஸ்கெட், அதாவது கசிவைத் தடுக்கும் மெல்லிய அட்டை, வைப்பார்கள். இப்போது பல பெட்டிகளில் அதை விட்டுவிட்டு, இடைவெளியை அடைக்கும் திரவ சீலன்ட்டைப் பூசி இறுக்குகிறார்கள். ஒரு பாகம் போயிற்று, ஆனால் எண்ணெய் கசியாமல் தடுக்கும் வேலை நடக்கிறது. இன்னொரு நன்மையும் உண்டு. காகிதம் எவ்வளவு அழுந்தும் என்பது பெட்டிக்குப் பெட்டி கொஞ்சம் மாறும். உறையின் இரு பாதிகளும் சேர்ந்து கூம்புருளைத் தாங்கிகளை (கூம்பு வடிவ உருளைகள் கொண்டவை) பிடித்திருக்கும் வடிவமைப்பில், அந்தச் சிறு வித்தியாசம் தாங்கிகளின் முன்னழுத்தத்தையே, அதாவது பொருத்தும்போதே கொடுக்கும் இறுக்கத்தையே, மாற்றிவிடும். காகிதம் போனதும் அந்தத் தொல்லையும் போனது. இதற்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம். காந்தத்தைப் பிடுங்கியதும் கேஸ்கெட்டை நீக்கியதும் ஒரே சொல்லுக்குள் அடங்கினால், அந்தச் சொல் பயன்படாது.

'சிக்கனம்' இன்னும் மோசம் என்பேன். இந்தத் துறையில் செலவு கூடுகிற முடிவுகளும் உண்டு. மின்வாகனத்தில் எஞ்சின் ஓசை இல்லை. எஞ்சின் வண்டியில் காதில் விழாமல் மறைந்துபோன கியர் ஊளை இங்கே நேராகக் கேட்கும். அதனால் கடினப்படுத்திய பிறகு பற்களை மறுபடி அரைத்து, மிகத் துல்லியமாக முடிக்கிறார்கள். அரைப்பது மலிவான வேலை அல்ல. ஆனாலும் அந்தச் செலவுக்கு ஈடாக வாங்குபவருக்கு அமைதி கிடைக்கிறது. ஷாட் பீனிங்கும் அப்படித்தான். பல்லின் மேற்பரப்பில் சிறு எஃகு மணிகளை வேகமாக மோதவிட்டால் அங்கே அழுத்தத் தகைவு (உள்ளே நிலைத்திருக்கும் அழுத்தம்) உருவாகி, பல்லின் அடிப்பகுதி களைப்பு முறிவை, அதாவது திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்குவதால் வரும் முறிவை, கூடுதலாகத் தாங்கும். உற்பத்தியில் ஒரு படி கூடுகிறது, ஆனால் பல்லின் அகலத்தைக் குறைக்கலாம். அகலம் குறைந்தால் தண்டு குட்டையாகும், உறை சிறிதாகும், எடை குறையும். ஒரு கியரில் செலவழித்து மொத்தப் பெட்டியில் திரும்பப் பெறுகிறோம். இதைச் 'சிக்கனப் பொறியியல்' என்று எழுதினால் வாசகர் குழம்பிப் போவார்.

இனி மதிப்பு.

> 'மதிப்புப் பொறியியல்' ஏற்கெனவே சில இடங்களில் புழங்குகிறது. புதிதாக ஒன்று எதற்கு?

நியாயமான கேள்வி. புழங்கும் சொல்லைக் காரணமில்லாமல் தள்ளக் கூடாது. இந்தத் துறை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் என் தயக்கம் புரியும். இரண்டாம் உலகப் போரின்போது ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் கொள்முதல் பிரிவில் இருந்த பொறியாளர் லாரன்ஸ் மைல்ஸ். கேட்ட பொருள் கிடைக்காத காலம். பொருள் கிடைக்காவிட்டால், அந்தப் பொருள் செய்யும் வேலையைச் செய்யக்கூடிய வேறு எதையாவது வாங்கியாக வேண்டும். அப்படி வாங்கியவற்றில் பல, பழையதைவிட மலிவாகவும் சில நேரம் மேலாகவும் அமைந்தன. அந்த அனுபவத்தை 1947இல் ஒரு முறையாக வகுத்து 'வேல்யூ அனாலிசிஸ்' என்று பெயரிட்டார். 1954இல் அமெரிக்கக் கடற்படையின் கப்பல் பிரிவு அதை எடுத்துக்கொண்டபோதுதான் 'வேல்யூ இன்ஜினியரிங்' ஆயிற்று. இன்று பலரும் ஏற்கெனவே விற்பனையில் உள்ள பொருளை ஆராய்வதை முதல் பெயராலும், வரைபட நிலையிலேயே செய்வதை இரண்டாவது பெயராலும் அழைக்கிறார்கள். ஆகவே நமக்கு ஒன்றல்ல, ஒரே வேரிலிருந்து இரண்டு சொற்கள் வேண்டும்.

இந்த மைல்ஸ் 'வேல்யூ'வைப் பல வகையாகப் பிரித்துப் பேசுகிறார். பொருள் செய்யும் வேலைக்காக வரும் வேல்யூ ஒன்று. அதை வைத்திருப்பதில் உள்ள பெருமைக்காக வரும் 'எஸ்டீம் வேல்யூ' இன்னொன்று. 'எஸ்டீம்' என்பதற்குத் தமிழில் இயல்பாக வரும் சொல் என்ன? மதிப்பு! அப்போது 'எஸ்டீம் வேல்யூ'வை 'மதிப்பு மதிப்பு' என்றா எழுதுவது? கியர் மாற்றும் கைப்பிடியின் உச்சியில் பளபளக்கும் உலோக உறை, தோல் தையல் எல்லாம் இந்த வகைதான். கியர் மாற்ற அவை தேவையில்லை, ஆனால் வாங்குபவர் அவற்றுக்காகவும் பணம் தருகிறார். கட்டுரை எழுதும்போது இந்த வேறுபாட்டைப் பேசாமல் ஒரு பக்கம்கூடத் தாண்ட முடியாது.

அடுத்து, 'மதிப்புப் பகுப்பாய்வு' என்று எழுதினால் மதிப்பாய்வு, மதிப்பீடு, மதிப்பெண் என்று பக்கத்தில் ஏற்கெனவே ஒரு கூட்டம் நிற்கிறது. வேகமாகப் படிப்பவர் ஏதோ நூல் மதிப்பாய்வு என்று எடுத்துக்கொள்வார்.

அதனால் என் பரிந்துரை பெறுமதி. வேல்யூ இன்ஜினியரிங் 'பெறுமதிப் பொறியியல்', வேல்யூ அனாலிசிஸ் 'பெறுமதிப் பகுப்பாய்வு'. எஸ்டீம் வேல்யூ சிக்கலின்றி 'மதிப்புப் பெறுமதி' ஆகிவிடும், மற்றது 'பயன் பெறுமதி'. கொடுத்ததற்கு என்ன பெறுகிறோம் என்ற கேள்வி சொல்லுக்குள்ளேயே இருப்பது கூடுதல் வசதி. 'பயன்மதிப்பு' என்று ஒருவர் சொல்லியிருந்தார். அது பொருளாதார நூல்களில் வேறு பொருளில் நிலைத்துவிட்டது, தொட வேண்டாம். விழுமம், விழுமியம் இரண்டும் அறநெறிப் பக்கம் போய்விட்டன.

> பெறுமதி இலங்கை வழக்கு. தமிழ்நாட்டில் யாருக்குப் புரியும்?

அங்கே 'பெறுமதி சேர் வரி' என்று அரசு ஆவணத்திலேயே இருக்கிற சொல் இது. தமிழ்நாட்டில் 'பெறுமானம்' என்று சாதாரணமாகப் பேசுகிறோம், அப்படியிருக்க 'பெறுமதி' புரியாமல் போகாது. ஒரு கரையில் வேரூன்றிய சொல் மறுகரைக்கும் வரட்டுமே. 'பெறுமானப் பொறியியல்' என்றே இருக்கட்டும் என்று பலரும் சொன்னால் எனக்குச் சண்டை இல்லை. பெறுமதி ஒரு அசை குறைவு, கூட்டுச்சொல்லில் எளிதாக ஒட்டும், அவ்வளவுதான்.

இதைவிடக் கடினமானது 'ஃபங்ஷன்', அதாவது ஒரு பொருளோ பாகமோ செய்யும் வேலை. பெறுமதி என்பது ஃபங்ஷனைச் செலவால் வகுத்தது என்பதுதான் துறையின் அடிப்படைச் சமன்பாடு. எனவே இந்தச் சொல் சரியாக அமையாவிட்டால் மற்றதெல்லாம் வீண். கணிதத்தில் இது சார்பு, நிரலாக்கத்தில் செயற்கூறு. 'பணி' என்று சுருக்கமாக வைக்கலாமே என்றால், 'பணிப் பகுப்பாய்வு' மேலாண்மைப் பாடத்தில் ஊழியர் வேலையை ஆராய்வதற்குப் போய்விட்டது. ஆகவே 'செயற்பணி' என்கிறேன். அடிப்படைச் செயற்பணி, துணைச் செயற்பணி என்று பிரிக்கலாம்.

செயற்பணியை இரண்டே சொல்லில், ஒரு பெயர், ஒரு வினை என்று எழுத வேண்டும் என்பது இந்தத் துறையின் விதி. தமிழில் இது மிக நன்றாக அமைகிறது: முறுக்குவிசையைக் கடத்து, வேகத்தை மாற்று, எண்ணெயைத் தடு, துகளைப் பிடி. பாகத்தின் பெயரை மறந்துவிட்டு வேலையை மட்டும் எழுத வைப்பதுதான் நோக்கம். 'கேஸ்கெட்டை மலிவாக்கு' என்று தொடங்கியிருந்தால் மலிவான காகிதத்தைத்தான் தேடியிருப்பார்கள். 'எண்ணெயைத் தடு' என்று தொடங்கியதால் காகிதமே வேண்டாம் என்ற இடத்துக்கு வர முடிந்தது.

இந்தச் சொற்களைச் சோதிக்க நான் எடுத்துக்கொண்ட பாகம் பின்னோக்கு கியர். கையால் மாற்றும் பெட்டிகள் பலவற்றில் முன்னோக்கு கியர்களுக்கெல்லாம் சாய்பற்கள் இருக்கும். பல் கொஞ்சம் கொஞ்சமாகப் பொருந்துவதால் ஓசை குறைவு. பதிலுக்குத் தண்டை நீளவாக்கில் தள்ளும் ஒரு விசை வரும், அதைத் தாங்கிகள் ஏற்க வேண்டும். பின்னோக்கு கியரில் மட்டும் நேர்பற்கள், ஒத்தியக்கியும் (கியர் பொருந்துவதற்கு முன் இரு பக்கத்தின் வேகத்தையும் ஒன்றாக்கும் 'சிங்க்ரனைசர்') கிடையாது. ஒரு இடைச்சக்கரம் நகர்ந்து வந்து நடுவில் பொருந்திக்கொள்ளும். வண்டி பின்னால் போகும்போது வரும் அந்த 'ஊய்ய்' ஓசை இதனால்தான்.

வடிவமைப்பாளர் சோம்பேறியா? செயற்பணிகளை எழுதிப் பாருங்கள். சுழல்திசையை மாற்று: இது அடிப்படை, கட்டாயம். வேகத்தை ஒத்திசை: வண்டி நின்ற பிறகுதான் இந்த கியர் போடப்படுகிறது, அதனால் பெரும்பாலும் தேவையில்லை. ஓசையைக் குறை: சில நொடிகள்தான் ஓடப்போகிறது. நேர்பல்லில் அந்த நீளவாக்கு விசை இல்லை, அதனால் சக்கரத்தை நகர்த்திப் பொருத்துவதும் எளிது. செயற்பணி எவ்வளவு தேவையோ அவ்வளவுக்கே செலவு. அதே நேரத்தில், வண்டி முழுவதும் நிற்பதற்குள் அவசரமாகப் பின்னோக்கு போட்டுக் 'கரகர'வென்று பற்களை நெரிப்பவர்களும் உண்டு. அவர்களையும் மனதில் கொண்டு சில பெட்டிகளில் பின்னோக்குக்கும் ஒத்தியக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டுமே பெறுமதிப் பொறியியல்தான். பயன்படுத்துபவர் யார் என்ற கணிப்பு மட்டும் வேறு.

ஒத்தியக்கியிலும் இதே கணக்கு வரும். அதில் கூம்பு வடிவப் பரப்புகள் உராய்ந்துதான் வேகம் ஒன்றாகிறது, கூம்புகள் கூடினால் கையின் உழைப்பு குறையும். முதல், இரண்டாம் கியர்களுக்கு மாறும்போது வேக வித்தியாசம் அதிகம், அதனால் பல வண்டிகளில் அங்கே மட்டும் இரட்டைக் கூம்பு அல்லது முக்கூம்பு ஒத்தியக்கி, மேல் கியர்களுக்கு ஒற்றைக் கூம்பு. எல்லாவற்றுக்கும் முக்கூம்பு வைத்தால் காசு வீண், எல்லாவற்றுக்கும் ஒற்றை வைத்தால் ஓட்டுநரின் கை வலிக்கும்.

'ஒத்திசைவி' என்ற பரிந்துரையும் வந்தது. இசைவு என்றதும் ஒலி ஞாபகம் வருகிறது, கியர் ஓசையைப் பற்றியே பேசும் கட்டுரையில் அது தொல்லை. ஒத்தியக்கி இருக்கட்டும். வினையாக மட்டும் 'ஒத்திசை' என்று மேலே எழுதிவிட்டேன், அதற்கு மாற்று கிடைத்தால் சொல்லுங்கள்.

> டிரான்ஸ்மிஷனுக்கு 'சக்திகடத்தி' எப்படி?

'கடத்தி' இயற்பியலில் செம்புக்கம்பிக்குப் போய்விட்டது. மின்சாரத்தில் செலுத்தம் என்று எழுதுகிறார்கள், இங்கேயும் அதுவே போதும். கிளட்ச் முதல் சக்கரம் வரையுள்ள முழுவதும் 'செலுத்தத் தொடர்'. நடுவில் உள்ள பெட்டிக்கு, மன்னிக்கவும், நான் கியர்ப்பெட்டி கட்சி. கியருக்கு 'பல்லிணை' அழகான சொல்தான். ஆனால் பாகத்துக்குப் பாகம் பற்களைப் பற்றியே எழுத வேண்டிய இடத்தில் 'பல்லிணையின் பல்லின் அடிப்பகுதி' என்று வாக்கியம் போனால் படிப்பவருக்கு நாக்கு சுளுக்கும். 'கியர்ப் பல்லின் அடி' என்றால் பட்டறையில் இருப்பவரும் படிப்பார். கிளட்சுக்கும் இதே தீர்ப்பு. டார்க்குக்குப் பாடநூலில் திருப்புவிசை இருக்கிறது, வாகனத் துறையில் முறுக்குவிசை என்று எழுதிப் பழகிவிட்டார்கள். கட்டுரைக்கு முறுக்குவிசையே போதும்.

ஒருவர் 'ஷிம்'முக்குத் தமிழில் என்ன என்று கேட்டிருந்தார், யாரும் பதில் சொல்லவில்லை. தாங்கிக்கும் உறைக்கும் நடுவே இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய வளையத் தகடு அது. ஒவ்வொரு பெட்டியையும் அளந்து, பொருத்தமான தடிமனைத் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். கேஸ்கெட்டை நீக்கினாலும் இது அவ்வளவு எளிதில் போவதில்லை. உறையையும் தண்டையும் ஷிம்மே வேண்டாத அளவு துல்லியமாகக் கடைந்தால் அந்தக் கடைசலுக்கு ஆகும் செலவு, அளப்பதற்கும் தகட்டுக்கும் ஆகும் செலவைத் தாண்டிவிடும். மேடுபள்ளத்தைச் சரிசெய்வதை நிரவுதல் என்கிறோம் அல்லவா, 'நிரவுத்தகடு' என்று வைக்கலாம். 'இடைத்தகடு' என்றால் கிளட்ச் தகடுகளோடு குழப்பம் வரும். பட்டறையில் வேறு பெயர் கேட்டவர்கள் இருந்தால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்.